ஆழமற்ற ஆற்றில் எத்தனை கிராம்?

மார்ச் மாதம் நயார் ஆற்றங்கரையிலிருந்து நான் பகிர்ந்த படத்தில் நான்கு ரப்பர் மீன்களும், அவற்றுக்கான நான்கு தூண்டில் முட்களும் இருந்தன. "எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன, எதற்கு நான்கு?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். இன்னொருவர், "ஆய்வேட்டை எப்போது சமர்ப்பிப்பீர்கள்?" என்று கேட்டிருந்தார். இரண்டாவது கேள்விக்கு என் நெறியாளரிடமே விடை இல்லை. முதல் கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்லலாம். அது ஆற்று நீரியல் பயிலும் ஒருவனின் அன்றாடச் சிக்கலோடு நேரடியாகத் தொடர்புடையது.

அந்த நான்கும் உருவத்தில் ஒன்றே, எடையில் வேறு. ஒன்றில் 1.8 கிராம் ஈயம், அடுத்ததில் 3.5, பிறகு 5, கடைசியில் 7. ஆங்கிலத்தில் ஸ்விம்பெயிட் எனப்படும் இந்தப் பொய்மீன் மென்மையான பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டது. வால் துடுப்புபோல் அகன்றிருக்கும்; நீரில் இழுத்தால் இடமும் வலமும் அடித்துக்கொள்ளும். சிறுமீனைத் துரத்தித் தின்னும் பெரிய மீன் அந்த அதிர்வை நம்பி வந்து கவ்வும். பிளாஸ்டிக்கின் அடர்த்தி நீரின் அடர்த்தியை ஒட்டியே இருப்பதால், அது எவ்வளவு விரைவாக மூழ்கும் என்பதைத் தீர்மானிப்பது நாம் சேர்க்கும் உலோகமே.

இந்தக் கருவியும் இதைப் பற்றிய எழுத்தும் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. அங்கே பாஸ் என்னும் மீனைச் சுற்றி ஒரு தனி இலக்கியமே உண்டு. ஜேம்ஸ் ஹென்ஷால் அதற்கென ஒரு முழு நூலை 1881இலேயே வெளியிட்டுவிட்டார். சஸ்குவஹானா போன்ற அகன்ற, ஆழமற்ற, பாறைத்தரை ஆறுகளில் சிறுவாய் பாஸ் பிடிப்பவர்கள், எந்த ஆழத்துக்கு எந்த எடை என்று அட்டவணைகள் வகுத்துள்ளனர். மூன்றடிக்குள் என்றால் அவுன்ஸில் பதினாறில் ஒரு பங்கிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை, அதாவது ஏறத்தாழ 1.8 முதல் 3.5 கிராம், ஆழம் கூடினால் கால் அவுன்ஸ், அதாவது 7 கிராம். இமயமலை அடிவாரத்தில் பொன் மகசீரைத் தேடும் நம் இளைஞர்களும் இவற்றைப் படித்தே பெட்டியை நிரப்புகின்றனர்.

அட்டவணையில் பிழை இல்லை. அது சொல்லாமல் விட்டவற்றில்தான் சிக்கல் இருக்கிறது. நீரோட்டத்தின் வேகம், நரம்பின் தடிமன், ரப்பர் மீனின் நீளம் ஆகிய மூன்றும் அதை வகுத்தவரின் ஆற்றில் ஏறத்தாழ மாறாதவை. ஆகவே அவற்றைக் குறிப்பிட வேண்டிய தேவை அவருக்கு எழவில்லை. நீரியல் மாணவர்களுக்கு இது பழகிய கதை. மேனிங் சமன்பாட்டுக்கான கரடுத்தன்மைக் கெழுவை வென் தே சோ 1959இல் எழுதிய பாடநூலின் அட்டவணையிலிருந்தே நாம் எல்லோரும் எடுக்கிறோம். உருண்டைக் கற்களும் பெரும்பாறைகளும் நிறைந்த மலையாற்றுக்கு 0.05 என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறோம். நீரின் ஆழம் கற்களின் உயரத்தைவிடப் பல மடங்கு இருக்கும்போது அந்த எண் பயன் தரும். கோடையில் நீர் வற்றி, ஆழமும் கல்லின் உயரமும் ஒன்றையொன்று நெருங்கும்போது கெழு மாறிலியாக நிற்பதில்லை. ஆழம் குறையக் குறைய அது ஏறுகிறது. ஆழமற்ற ஆற்றில் எடை அட்டவணை தடுமாறுவதும் ஏறத்தாழ இதே இடத்தில்தான்.

கணக்கைப் பார்ப்போம். நீரில் மூழ்கும் பொருளின் இறுதி வேகம், தோராயமாக, அதன் நீர்மூழ்கிய எடையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். எடையை இரட்டித்தால் வேகம் இரட்டிக்காது; 1.4 மடங்குதான் ஆகும். 7 கிராம் ஈயத்துடன் ஒரு ரப்பர் மீன் நொடிக்கு 40 சென்டிமீட்டர் இறங்குகிறது என்று கொள்வோம். 3.5 கிராமில் அது 28 சென்டிமீட்டராகவும், 1.8 கிராமில் 20 சென்டிமீட்டராகவும் குறையும். நீர் 60 சென்டிமீட்டர் ஆழம் என்றால் தரையைத் தொட முறையே ஒன்றரை நொடி, இரண்டு நொடிக்குச் சற்று மேல், மூன்று நொடி ஆகும். நீரோட்டம் நொடிக்கு 80 சென்டிமீட்டர் என்றால் அதற்குள் 1.2 மீட்டர், 1.7 மீட்டர், 2.4 மீட்டர் அடித்துச் செல்லப்பட்டிருக்கும்.

ஆழமான மடுவில் இந்த வேறுபாடு பொருட்டல்ல. பத்து நொடிகளில் ஒன்றிரண்டு கூடினாலும் குறைந்தாலும் சுருளைச் சுற்றிச் சரிசெய்துகொள்ளலாம். முழங்கால் அளவு நீரில் நமக்குக் கிடைப்பதே மூன்று நொடிதான். பாறையின் பின்னே ஓட்டம் தணியும் இடத்துக்கும் அதன் பக்கத்தில் ஓட்டம் விரையும் இடத்துக்கும் இடையே ஒரு கோடு உண்டு. மகசீர் காத்திருப்பது பெரும்பாலும் அங்கேதான். அந்தக் கோட்டில் ரப்பர் மீன் தரையைத் தொடாமல் நீந்தும் காலமே நாம் வேண்டுவது. ஆகவே எடையைத் தேர்வது என்பது ஆழத்தைத் தேர்வதைக் காட்டிலும் நேரத்தைத் தேர்வதாகும்.

வீசும் திசையும் கணக்கை மாற்றுகிறது. மேல்நோக்கி வீசினால் பொய்மீன் ஓட்டத்தோடு சேர்ந்து நம்மை நோக்கி வருகிறது. ஓட்டத்தைவிட விரைவாகச் சுற்றினாலன்றி வால் அசையாது, மீன் மூழ்கிக்கொண்டே போகும். கீழ்நோக்கி வீசினால் ஓட்டம் முழுவதும் அதன் முகத்தில் மோதி மேலே தூக்கும். ஒரே கல்லில் நின்று வீசினாலும் 3.5 கிராம் ஒருபுறம் கனமாகவும் மறுபுறம் இலேசாகவும் நடந்துகொள்ளும். குறுக்கே வீசினால் நரம்பு வில்லாக வளைந்து, ஓட்டம் அந்த வில்லைப் பிடித்து இழுக்கும். இங்கே நரம்பின் தன்மை முக்கியமாகிறது. பின்னப்பட்ட பாலிஎதிலீன் நரம்பின் அடர்த்தி 0.97; அது மிதக்கும், ஆனால் மெல்லியது என்பதால் ஓட்டத்துக்குப் பிடி கொடுக்காது. நைலான் 1.14, மெல்ல மூழ்கும். ஃபுளோரோகார்பன் 1.78, மூழ்கி, தன் பங்குக்குப் பொய்மீனையும் கீழே இழுக்கும். நரம்பை மாற்றிவிட்டு எடையை மாற்றாதவர் வேறொரு ஆற்றின் அட்டவணையைப் பயன்படுத்துகிறார்.

எடையை எங்கே வைப்பது என்பதும் உண்டு. தலையில் ஈயம் வார்த்த ஜிக் ஹெட் மூக்கை முன்னிறுத்தித் தரையை நோக்கிப் பாயும். வயிற்றுப் பகுதியில் ஈயம் பொருத்திய ஒற்றை முள், ரப்பர் மீனைக் கிடைமட்டமாகவே இறங்க விடும். முள்ளின் நுனியும் மேல்நோக்கி, ரப்பருக்குள் பாதி மறைந்திருக்கும். கல்லிடுக்கு நிறைந்த ஆழமற்ற நீரில் இதுவே தக்கது. கனம் குறைந்தால் நீரில் விழும் ஓசையும் குறையும். தெளிந்த நீரில் அதுவும் ஒரு ஆதாயம்.

இவ்வளவையும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டவர் வியாஸ்காட் அருகே எங்களுக்கு வழிகாட்டும் பெரியவர். நயார் கங்கையில் கலக்கும் இடம் அது. அவரைப் பைஜி என்றே அழைப்பேன். கட்வாலியில் அண்ணன் என்று பொருள். என் பெட்டியை வாங்கிப் பார்த்தவர், கிராமையும் அவுன்ஸையும் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "வீசியதும் எண்ணுங்கள். மூன்றுக்கு முன்னால் கல்லைத் தொட்டால் இலேசானதை மாட்டுங்கள். ஐந்து வரை தொடாவிட்டால் கனமானதை மாட்டுங்கள்" என்றார். ஓட்டம், நரம்பு, உருவம், திசை என அட்டவணை விட்டுவிட்ட அனைத்தையும் அந்த எண்ணிக்கை தன்னுள் அடக்கிக்கொள்கிறது. களத்தில் அளந்து கெழுவைத் திருத்துங்கள் என்று நாங்கள் கருத்தரங்குகளில் பேசுவதும் இதைத்தான்.

இதில் பிழைத்தால் மீன் கிடைக்காது என்பது மட்டுமே இழப்பானால் இத்தனை நீளமாக எழுதியிருக்க மாட்டேன். கனம் கூடிய பொய்மீன் கல்லிடுக்கில் சிக்குகிறது, நரம்பு அறுகிறது, ஈயமும் பிளாஸ்டிக்கும் நரம்பும் ஆற்றிலேயே தங்குகின்றன. இங்கிலாந்திலும் வேல்சிலும் அன்னங்கள் ஈயக்குண்டுகளைப் பரல்கற்களோடு சேர்த்து விழுங்கி மடிந்ததால், 0.06 கிராம் முதல் 28.35 கிராம் வரையிலான ஈயத் தூண்டில் எடைகளின் விற்பனையை 1987 முதல் தடை செய்தனர். 28.35 கிராம் என்பது ஒரு அவுன்ஸ். நாம் பேசும் எல்லா எடைகளும் அந்த வரம்புக்குள் அடங்கும். டங்ஸ்டன் மாற்றாக உண்டு. அதன் அடர்த்தி 19.25, ஈயத்துக்கு 11.34. விளம்பரங்கள் சொல்வதுபோல் டங்ஸ்டன் பெரிதும் விரைந்து மூழ்குவதில்லை. 7 கிராம் ஈயம் நீருக்குள் 6.4 கிராமாகவும், 7 கிராம் டங்ஸ்டன் 6.6 கிராமாகவும் எடை காட்டும், அவ்வளவே. உருவம் சிறுத்திருப்பதும் ஈயத்தின் நஞ்சு இல்லாததுமே அதன் ஆதாயம். விலையோ பல மடங்கு. உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில் ஆய்வு மாணவருக்கு அது எளிதன்று. ஆயினும் எண்ணி வீசுபவருக்கு ஆண்டு முழுவதும் நான்கைந்து போதும்.

மகசீர் சாதாரண மீனன்று. உத்தராகண்டின் மாநில மீன். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அழியும் நிலையிலுள்ள இனம். மழைக்காலத்தில் கங்கையிலிருந்து நயார் போன்ற கிளையாறுகளுக்குள் ஏறி, பரல்களிடையே முட்டையிடுகிறது. பாகீரதியின் குறுக்கே தெஹ்ரி அணை எழுந்தபின் ஏறுவதற்கான வழிகள் குறைந்துவிட்டன. தடையின்றி ஓடும் நயாரின் மதிப்பு அதனாலேயே கூடியிருக்கிறது.

எங்கள் விடுதியில் மீனுயிரியல் ஆய்வு செய்யும் தங்கை ஒருத்தி இருக்கிறாள். "பிடித்ததும் விட்டுவிடப் போகிறீர்கள் என்றால், முதலில் ஏன் பிடிக்கிறீர்கள் அண்ணா?" என்று அவள் கேட்டாள். தூண்டில்காரர்கள் அனுமதிச் சீட்டு பெற்று ஆற்றங்கரையில் நிற்பதால் வெடிவைத்தும் பிளீச்சிங் பவுடர் கலந்தும் மீன் கொல்வோர் விலகிப் போகின்றனர் என்றும், பைஜி போன்றோரின் குடும்பங்கள் உயிரோடிருக்கும் மீனை நம்பி வாழ்கின்றன என்றும் சொன்னேன். "அது ஆற்றங்கரையில் நிற்பதற்கான காரணம், முள்ளை மாட்டுவதற்கான காரணம் அன்று" என்றாள். அவள் சொன்னது சரி. அந்த இடைவெளியை நிரப்பும் வாதம் இன்றுவரை என்னிடம் இல்லை. முள்ளை எப்படி மாட்டுவது என்பதில் சில கட்டுப்பாடுகள் மட்டும் இருக்கின்றன.

அவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். மும்முனை முட்கள் வேண்டாம்; ஒற்றை முள், அதன் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட வேண்டும். மகசீருக்குத் தாடையில் பல் இல்லை. தொண்டைக்குள் இருக்கும் பற்களால் நொறுக்கும் மீன் அது. ஆகவே கவ்வியதை உணர்ந்ததும் தாமதிக்காமல் இழுத்து, முள் உதட்டளவிலேயே நிற்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இனப்பெருக்கக் காலத்தில் ஆற்றுப் பக்கமே போகக்கூடாது. மீனை நீரைவிட்டு வெளியே எடுக்காமல் முள்ளைக் கழற்ற வேண்டும். எடையைப் பொறுத்தவரை, பெட்டியில் உள்ளவற்றுள் மிக இலேசானதில் தொடங்கி, எண்ணிக்கை தேவைப்படுத்தினால் மட்டுமே ஒரு படி ஏற வேண்டும். இலேசானதில் தவறினால் ஒரு வீச்சு வீணாகும். கனமானதில் தவறினால் அந்த ஈயம் நம் ஆய்வேடுகளைவிட நெடுங்காலம் ஆற்றில் கிடக்கும்.

கோசியிலோ, மேற்கு ராம்கங்கையிலோ, வடகிழக்கின் ஆறுகளிலோ தூண்டில் வீசும் நண்பர்கள் தங்கள் எண்ணிக்கையைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். நீரின் ஆழம், ஓட்டத்தின் தோராய வேகம், நரம்பின் வகை, எடை ஆகிய நான்கையும் சேர்த்து எழுதினால் போதும். இருபது பேர் எழுதினாலும் நம் ஆறுகளுக்கென ஓர் அட்டவணையைத் தொடங்கிவிடலாம். மீனுயிரியல் தங்கையின் கேள்விக்கு என்னிடம் இல்லாத விடை உங்களில் யாரிடமேனும் இருந்தால் அதையும் எழுதுங்கள். அவளும் இப்பதிவைப் படிப்பாள்.