கேரலுக்கு முன் ஒரு கிடார்

நவம்பர் 2, ஞாயிறு

ஆராதனை முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது கொயர் மாஸ்டர் வந்தார். "30ஆம் தேதி அட்வென்ட் ஆரம்பம்மா. அதுக்குள்ள கிடார் நேரா மிக்ஸருக்குப் போற மாதிரி ஏதாவது பண்ணிடு" என்றார்.

அவர் சொல்வது நியாயம். என்னிடம் இருப்பது நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் கிடார். அதன் முன்னால் மைக்கை நிறுத்தித்தான் வாசிக்கிறேன். ஒரு பக்கம் டிரம்ஸ், இன்னொரு பக்கம் கீபோர்டு, பின்னால் முழு கொயர். அந்த மைக்கில் அவர்கள் சத்தமெல்லாம் கேட்கிறது, கிடார் அடியில் போய்விடுகிறது. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் ஸ்பீக்கர் ஊளையிடுகிறது.

வீட்டில் பேசி 35,000 ரூபாய் என்று முடிவு செய்தோம். கிடார், பை, கேபிள், கிடாரை மிக்ஸரோடு இணைக்கும் டிஐ பாக்ஸ், செட்டப் கூலி எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். இதைச் சின்னத் தொகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கிடார் உலகில் இது நடுத்தரம்தான்.

நவம்பர் 4, செவ்வாய்

கடைக்குக் கிளம்பும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள நினைத்தேன். என் கிடார் சத்தம் கேட்பவர் காதுக்கு எந்த வழியாகப் போகப்போகிறது? ஞாயிறு காலையில் ஸ்பீக்கர் வழியாக. டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது, பெரம்பூர்ச் சந்துகளில் ராத்திரி பதினோரு மணிக்கு, வெறும் மரத்தின் வழியாக. அங்கே பிளக் பாயிண்ட் கிடையாது. இருபது பேர் ஜால்ராவும் டாம்பரினும் வைத்துக்கொண்டு பாடும்போது நடுவில் கிடார் கேட்டாக வேண்டும்.

எப்போதும் மேடையிலேயே வாசிப்பவர் மரத்தைப் பற்றி இவ்வளவு யோசிக்க வேண்டாம். வீட்டில் மட்டும் வாசிப்பவருக்கு, தந்தி அதிர்வை மின் அலையாக்கும் பிக்கப்பே தேவையில்லை, அந்தக் காசுக்கு இன்னும் நல்ல சாதா அக்கூஸ்டிக் கிடைக்கும். எனக்கு இரண்டும் வேண்டும். கடைக்காரர்கள் செமி அக்கூஸ்டிக் என்று காட்டுவதில் பாதிக்கு மேல் இதிலேயே தள்ளுபடியாகிவிடும். உடம்பு மெலிந்த, மேடைக்கென்றே செய்த கிடார்கள் கைக்கு ரொம்பச் சுகம். ஆனால் கேபிளை எடுத்துவிட்டால் சத்தம் சுருங்கிவிடும்.

நவம்பர் 6, வியாழன்

ராத்திரி முழுக்க பிக்கப்பைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று 1880இல் கண்டுபிடித்தவர்கள் பியேர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக்கும். கிடாரின் பிரிட்ஜில் தந்திகள் ஏறி உட்காரும் வெள்ளைப் பட்டை இருக்கிறதே, சேடில், அதற்கு அடியில் இன்று ஒரு மெல்லிய பீசோ பட்டை கிடக்கிறது. தந்தி அதிரும்போது சேடில் அதை அழுத்தும், அதுவே மின் அலையாகும். ஹெலிகாப்டர் செய்துகொண்டிருந்த சார்லஸ் கேமன் 1960களில் ஓவேஷன் கிடார்களைத் தொடங்கினார். மேடைக் கிடாருக்குப் பீசோ பிக்கப் பரவியதில் அந்த நிறுவனத்துக்குப் பெரிய பங்குண்டு.

அதற்கும் முன்னால், 1954இல், பிக்கப் பதித்த கிப்ஸன் ஜே-160இ வந்தது. பீட்டில்ஸின் லெனனும் ஹாரிசனும் 1962இல் ஆளுக்கொன்று வாங்கிய கிடார் அது. அதன் முன்பலகை ஒட்டுப்பலகை! ஸ்பீக்கர் சத்தத்துக்குப் பலகை திரும்ப அதிர்ந்து ஊளை கிளம்பக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். லேமினேட் என்றாலே மட்டம் என்று ஒதுக்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேடைக்கு மட்டும் என்றால் நல்ல லேமினேட் கிடார் போதும்.

ஆனால் தெருவுக்குப் போதாது. சாலிட் டாப் என்றால் மரத்தை அப்படியே பலகையாக அறுத்து, இரண்டு பாதியை நடுவில் ஒட்டியது. அது தாராளமாக அதிரும், வாசிக்க வாசிக்கச் சத்தம் திறக்கும் என்று வாசிப்பவர்கள் சொல்வார்கள். விவரப் பட்டியலில் 'சாலிட் ஸ்ப்ரூஸ்' என்று எழுதியிருக்கிறதா, வெறும் 'ஸ்ப்ரூஸ்' என்று விட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். சாலிட் என்ற சொல் இல்லையென்றால் லேமினேட் என்றே எடுத்துக்கொள்ளலாம். பக்கப்பலகையும் முதுகும் லேமினேட்டாக இருந்தால் பரவாயில்லை, இந்த விலையில் அப்படித்தான் வரும்.

நவம்பர் 8, சனி

கீபோர்டு வாசிக்கும் தம்பியும் கூட வந்தான். அண்ணா சாலை வழியாகப் போனோம். 1842இல் தொடங்கிய மியூஸி மியூஸிக்கல் இன்றும் இருக்கிற சாலை. பியானோ வாங்க நம் தாத்தா காலத்து ஆட்கள் ஏறிய படிகள் அவை. இன்று அந்தச் சாலையிலும் அதைச் சுற்றியும் கிடார் தொங்காத இசைக்கருவிக் கடை இல்லை.

ஒரு கடையில் கிடாரைச் சின்ன அக்கூஸ்டிக் ஆம்பில் குத்திக் கொடுத்தார்கள். 'இளைய நிலா' தொடக்கத்தை வாசித்துப் பார்த்தேன். நம்மூரில் கிடார் பழகிய யாருக்கும் கை முதலில் அங்கேதான் போகும். தேன்போல இருந்தது. அடுத்த கிடாரும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. குனிந்து ஆம்பைப் பார்த்தால் ரிவெர்ப் பாதிக்கு மேல் திறந்திருந்தது. "ரிவெர்பை அணைச்சிட்டு சாதா பிஏ ஸ்பீக்கர்ல குத்தித் தர்றீங்களா?" என்றேன். "அதெல்லாம் செட் பண்ண முடியாது மேடம்" என்றார் விற்பனையாளர். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டோம்.

அடுத்த கடையில் ஒரு பெரியவர். மறுபேச்சில்லாமல் மூலையில் கிடந்த பிஏ ஸ்பீக்கரை இழுத்து வைத்து, மிக்ஸரில் எல்லாக் குமிழையும் நடுவில் நிறுத்திக் கொடுத்தார். அப்போதுதான் வித்தியாசம் தெரிந்தது. ஒன்றில் மேல் தந்திகள் பிளாஸ்டிக்கைத் தட்டுவதுபோல் டக் டக்கென்றன. பீசோவின் பிறவிக் குணம் அது. ஓங்கி அடித்தால் வாத்துக்குரல் வரும், விலை மலிவாக இருந்தால் கூடுதலாக வரும். இன்னொன்றில் கோர்டு நன்றாகத்தான் ஒலித்தது. ஆனால் ஒவ்வொரு தந்தியாக ஒரே அழுத்தத்தில் மீட்டியபோது நாலாவது தந்தி மட்டும் ஒரு படி தாழ்ந்திருந்தது. "சேடிலோட அடி சமமா இல்லம்மா. அந்த இடத்துல பட்டையை அழுத்தல" என்றார் பெரியவர். ஸ்ட்ரம்மிங்கில் இந்தக் குறை ஒளிந்துகொள்ளும். தந்தி தந்தியாக மீட்டினால்தான் வெளியே வரும்.

நவம்பர் 12, புதன்

மழை. ஜன்னல் கதவெல்லாம் ஊதி, இழுத்துத்தான் சாத்த வேண்டியிருக்கிறது. கிடார் மரமும் இதே காற்றைத்தான் குடிக்கிறது.

சாலிட் டாப்புக்குத் தோதான ஈரப்பதம் 45இலிருந்து 55 சதவீதம் வரை. சென்னையில் நவம்பர் மாதம் 80ஐத் தாண்டுவது சாதாரணம். ஈரம் குடித்த முன்பலகை பிரிட்ஜுக்குப் பின்னால் அப்பளம் போல் உப்பும். பிரிட்ஜ் அதோடு மேலே ஏறும், தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி கூடும், விரல் நோகும். ஆகவே மழைக்காலத்தில் கிடார் வாங்குவது ஒரு வகையில் நல்லது என்று படுகிறது. இந்தக் காற்றில் நிமிர்ந்து நிற்கிற கிடார் எது என்று கடையிலேயே தெரிந்துவிடும். விளக்கு வெளிச்சம் பலகையில் சாய்வாக விழும்படி பிடித்துப் பார்த்தால் உப்பல் தெரியும். பிரிட்ஜின் பின் விளிம்பில் ஒரு தாளை நுழைத்துப் பார்க்க வேண்டும். தாள் உள்ளே போனால் ஒட்டு விட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

இரவு முழுக்க ஏசி ஓடும் அறையில் காற்று காய்ந்துவிடும். அங்கே வைத்துவிட்டு விடிகாலையில் ஈரத்துக்குள் தூக்கிக்கொண்டு ஓடுவதும் கெடுதல். பையில் சிலிக்கா ஜெல் பொட்டலமும் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டரும் போட்டு வைத்தால் போதும். பெரிய செலவில்லை.

நவம்பர் 15, சனி

தம்பி ஒரு யோசனை சொன்னான். "அக்கா, பிக்கப் இல்லாத நல்ல சாலிட் டாப் வாங்கிட்டு, அப்புறமா தனியா பிக்கப் போட்டுக்கலாமே?"

நல்ல யோசனைதான். கிடார் முப்பது வருஷம் வாழும். பக்கப்பலகையை வெட்டிப் பதித்திருக்கும் பிரீஆம்ப், அதாவது பிக்கப் சிக்னலைக் கூட்டும் கருவி, அவ்வளவு நாள் வாழாது. அது போய்விட்டால் அதே அளவில் மாற்று கிடைப்பது கஷ்டம், ஓட்டை மட்டும் நிற்கும். அந்தக் கவலை இல்லாத வழி இது. ஒலித்துளையில் மாட்டும் காந்த பிக்கப்பை எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். ஸ்டீல் தந்திக்குத்தான் அது ஆகும், என் பழைய நைலான் கிடாருக்கு உதவாது. எல்ஆர் பேக்ஸ், ஃபிஷ்மேன் என்று பெயர் பெற்ற பிக்கப்புகளும் இருக்கின்றன. ஆனால் நல்லதாக ஒன்று வாங்கி, கூலி கொடுத்துப் பொருத்தினால் 35,000 தாண்டிவிடும். நேரமும் இல்லை. இருக்கிற தொகையில் பிக்கப்போடு வருவதை வாங்குவது என்று முடிவு செய்தேன். தனியாக வாசித்துப் பழகுகிறவர்கள், அவசரமில்லாதவர்கள், தம்பி சொன்ன வழியில் போகலாம்.

நவம்பர் 22, சனி

வாங்கிவிட்டேன். பெரியவர் கடையில்தான்.

கடைசியில் இரண்டு பேர் நின்றார்கள். ஃபெண்டர் சிடி-60எஸ்சிஇ, யமஹா எஃப்எஸ்எக்ஸ்800சி. இரண்டுக்கும் சாலிட் ஸ்ப்ரூஸ் டாப், இரண்டுக்கும் மேல் ஃப்ரெட்டுகளுக்குக் கை போக கட்அவே. ஃபெண்டர் டிரெட்நாட் உடம்பு. கீழ்ச் சுரம் கும்மென்று வருகிறது. தெருவுக்கு அதுவே ராஜா என்று இப்போதும் சொல்வேன். ஆனால் மடியில் வைத்தால் என் வலது தோள் காதைத் தொடுகிறது. இரண்டு மணி நேர ஆராதனைக்கு அது ஆகாது. யமஹா கொஞ்சம் சின்ன கான்சர்ட் உடம்பு. தந்தி நீளமும் குறைவு, 634 மில்லிமீட்டர், விரல் நீட்ட வேண்டியது குறைகிறது. கும்மென்ற கீழ்ச்சத்தம் குறைவதால் ஊளையும் குறையும். மாடலை முடிவு செய்தபின் ஒரே மாடலில் இரண்டு கிடார் எடுத்து வரச் சொன்னேன். ஒரே தொழிற்சாலை, ஒரே பட்டியல், ஆனால் ஒன்று மற்றதைவிட நன்றாகப் பேசியது. மரம் மரத்துக்கு மாறும். பெட்டி பிரிக்காததைக் கொடுங்கள் என்று கேட்கிறவர்கள் இந்த வாய்ப்பை விட்டுவிடுகிறார்கள்.

எல்லாத் தந்தியிலும் எல்லா ஃப்ரெட்டையும் அழுத்திப் பார்த்தேன், இரைச்சல் இல்லை. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கும் அழுத்திய சுரமும் டியூனரில் ஒரே இடத்தில் நின்றன. ஆக்‌ஷன், அதாவது தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி, மட்டும் உயரம். பெரியவர் கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராடைக் கால் சுற்று திருப்பி, சேடிலைக் கழற்றி, கண்ணாடி மேல் ஒட்டிய உப்புத்தாளில் அடியை நேராகத் தேய்த்தார். தேய்ப்பார், வெளிச்சத்தில் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். அடி கோணினால் பிக்கப் போச்சு என்பதால் அவ்வளவு பொறுமை. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த தந்தி 2.5 மில்லிமீட்டர், மெல்லிய தந்தி 2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. அந்தக் கூலி இந்த வாங்கலிலேயே மிக நல்ல செலவு. அதிக விலைக் கிடார் செட்டப் இல்லாமல் வந்தால் குறைந்த விலைக் கிடார் செட்டப்போடு அதைத் தோற்கடித்துவிடும்.

நவம்பர் 29, சனி

ஆலயத்தில் சவுண்ட் செக். மிக்ஸர் கடைசி பெஞ்சுக்குப் பின்னால். அவ்வளவு தூரத்துக்குச் சாதா கிடார் கேபிளை இழுத்தால் இரைச்சல் ஏறும். காலடியில் டிஐ பாக்ஸ் வைத்து, அங்கிருந்து மைக் கேபிளில் அனுப்பினோம். முதலில் ஹம் வந்தது. டிஐ பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்டைத் தள்ளியதும் நின்றது.

மானிட்டரைக் கூட்டியபோது ஒரு சுரம் மட்டும் தானாக வளர்ந்துகொண்டே போனது. ஆறாவது தந்தி, மூன்றாவது ஃப்ரெட், ஜி. ஏறக்குறைய 98 ஹெர்ட்ஸ். கிடார் உடம்புக்குள் இருக்கும் காற்று இயல்பாகவே அந்தப் பக்கத்தில்தான் அதிரும், அதனால் ஊளை அங்கேதான் முதலில் பிறக்கும். மானிட்டரைக் கொஞ்சம் திருப்பி வைத்து, ஒலித்துளையில் ரப்பர் மூடியைப் பொருத்தி, மிக்ஸரில் கீழ்ச்சத்தத்தைச் சற்று இறக்கியதும் அடங்கியது. கொயர் மாஸ்டர் கடைசி பெஞ்சிலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கேரலுக்கு மூடியைக் கழற்றிவிட்டால் முழுச் சத்தமும் தெருவுக்கு.

இந்த மாதம் கிடார் வாங்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கேபிளை ஜாக்கில் குத்திய நொடியிலேயே உள்ளே பிரீஆம்ப் ஓடத் தொடங்கும், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் பேட்டரி தீரும். வாசித்து முடித்ததும் பிடுங்கிவிடுங்கள். பையில் மாற்று பேட்டரியும் வையுங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி கடை திறந்திருக்காது.