மிடறு

குரல் போய்விட்டதை முதலில் கண்டுபிடித்தவள், பூம்பாறையிலிருந்து மாதம் ஒரு தடவை பணம் எடுக்க வரும் ஒரு கிழவி. கண் பார்வை மங்கியவள். கௌண்ட்டருக்கு இந்தப் பக்கம் இருப்பது நான்தானா என்பதைக் குரலை வைத்துத்தான் நிச்சயம் செய்துகொள்வாள். பாஸ் புத்தகத்தில் இருந்த தொகையைப் படித்துச் சொன்னேன். பணத்தைத் தொடாமல் நின்றாள். “நம்ம தம்பி எங்கே? நீங்க யாரு?” என்றாள். நான்தான் பாட்டி என்றேன். நம்பவில்லை. பியூன் வந்து “நம்ம பேங்க் ஆளுதான், ரேகை வை” என்று சொன்ன பிறகே பெருவிரலை மையில் ஒற்றினாள். நான் பேங்க் ஆள் என்பதை ஒப்புக்கொண்டாளே தவிர, நான் நான்தான் என்பதை ஒப்புக்கொள்ளவில்லை என்று தெரிந்தது.

அன்று சாயங்காலம் ஒரு நண்பரிடம் காப்பி குடித்துக்கொண்டே இதை வேடிக்கையாகச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் நான்கு தடவை தொண்டையைச் செருமவேண்டியிருந்தது.

கோடைக்கானலில் குரல் கம்மினால் யாரும் காரணம் தேடுவதில்லை. சுமார் 2,100 மீட்டர் உயரம். மார்கழியில் ஏரிக்கரைப் புல்லில் உறைபனி படிகிறது. எனவே பனி, அவ்வளவுதான். நானும் அப்படியே நினைத்தேன். மஃப்ளர் சுற்றிக்கொண்டேன். யூகலிப்டஸ் தைலத்தை வெந்நீரில் விட்டு ஆவி பிடித்தேன். மிளகுக் கஷாயம் குடித்தேன். பூம்பாறைக் கிழவியே, புது ஆள் மேல் இரக்கப்பட்டோ என்னவோ, அடுத்த மாதம் ஒரு பிடி மலைப்பூண்டு கொண்டுவந்து தந்தாள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அது, காரத்துக்குப் பேர்போனது. பாலில் வேகவைத்து, படுக்கப்போகுமுன் குடித்தேன். நெருப்புக்கு நான் நெய் வார்த்துக்கொண்டிருந்தது எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

வியாதி தொண்டையில் இல்லை. இரைப்பையில். அதிலும் விசேஷம், எனக்கு நெஞ்செரிச்சல் என்று ஒரு நாளும் வந்ததில்லை. புளித்த ஏப்பம்கூட அபூர்வம். மதுரையில் ஒரு காது மூக்குத் தொண்டை டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, “ஈ என்று இழுங்கள்” என்றார். இழுத்தேன். எதிரே திரையில் என் குரல் தெரிந்தது. இரண்டு வெளிறிய மடிப்புகள், அவற்றின் பின்புறத்தில் சிவந்து வீங்கிய சதை. முப்பத்தாறு வயதுவரை நான் எதைக்கொண்டு பேசினேனோ அதை முதல் தடவையாகப் பார்த்தேன். 1854இல் மானுவேல் கார்ஸியா என்கிற பாட்டு வாத்தியார் பல் வைத்தியரின் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் பிடித்து, சூரிய வெளிச்சத்தில் தன் குரல்வளையைத் தானே பார்த்துக்கொண்டார். இந்தப் பரிசோதனைக்கெல்லாம் மூலம் அவர்தான். அவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். எனக்குக் கூச்சமாக இருந்தது.

டாக்டர் விளக்கியதன் சாரம் இது. இரைப்பை தன் அமிலத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் சளிப்படலத்தால் மெழுகி வைத்திருக்கிறது. உணவுக்குழாய்க்கும் கொஞ்சம் தாங்கும் சக்தி உண்டு. குரல்வளைக்கு அப்படி ஒரு பாதுகாப்பு கிடையாது. உணவுக்குழாயின் அடியிலும் உச்சியிலும் உள்ள இரண்டு சுருக்குத் தசைகளும் அசந்த நேரத்தில், வயிற்றிலிருப்பது மேலே ஏறி மிடற்றை நனைக்கிறது. அளவு சொற்பம். ஆனால் அமிலம் மட்டும் வருவதில்லை. புரதத்தை அரிக்கும் பெப்ஸின் கூடவே வருகிறது. 1836இல் தியோடோர் ஷ்வான் பெயரிட்ட அதே சரக்கு. தொண்டைச் சதையில் ஒட்டிக்கொண்டு, வீரியம் அடங்கிக் கிடந்து, மறுபடி அமிலம் பட்டால் விழித்துக்கொள்ளக் கூடியது. இரவில் கிழிசல், காலையில் கரகரப்பு, நாளெல்லாம் செருமல், விழுங்கினாலும் போகாத ஒரு உருண்டை. இதையெல்லாம் 1960களின் கடைசியில்தான் வைத்தியர்கள் இரைப்பையோடு முடிச்சுப் போட ஆரம்பித்தார்கள். சத்தமில்லாத எதுக்களிப்பு என்று இதற்கு ஒரு செல்லப்பெயர். குரலைத் தின்கிற வியாதிக்குப் பொருத்தமான பெயர்தான்.

மூன்று மாதம் கழித்துத் திண்டுக்கல்லில் இன்னொரு டாக்டரிடம் அதே படத்தைக் காட்டினேன். சாதாரணத் தொண்டை, அதிகம் பேசுகிறீர்கள், அவ்வளவுதான் என்றார். ஒரே பிரதி, இரண்டு விமர்சனம். முதலில் ஆத்திரம் வந்தது. பிறகு படித்துப் பார்த்ததில், இரண்டு பேரிடமும் தப்பில்லை என்று தோன்றியது. அந்தச் சிவப்பும் வீக்கமும் புகார் எதுவும் இல்லாதவர்களின் தொண்டையிலும் காணப்படுகின்றனவாம். பார்க்கிறவர் எதை எதிர்பார்த்துப் பார்க்கிறார் என்பதையும் பொறுத்தது. நோயாளியின் வாய்மொழியை வைத்து அளக்க 2002இல் ஒரு கேள்விப்பட்டியல் செய்தார்கள். ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 13ஐத் தாண்டினால் சந்தேகப்படலாம். நான் 22 வாங்கினேன். பி.ஏ. ஆங்கிலத்தில் வாங்கியதைவிட நேர்மையான மார்க்.

அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரை, காலையும் இரவும் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு. இந்த மாத்திரையைப் பற்றி 2021இல் பிரிட்டனில் ஒரு பரிசோதனையின் முடிவு வெளியாயிற்று. தீராத தொண்டைத் தொந்தரவு உள்ள 300க்கு மேற்பட்டவர்களில் பாதிப்பேருக்கு மாத்திரை, மீதிப்பேருக்கு அதே உருவத்தில் வெறும் மாத்திரை, பதினாறு வாரம். இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு குணம் தெரிந்தது. நாம் ‘பாராட்டு விழா’ என்று நடத்துவதற்கு ஏதோ ஒரு பலன் இருக்கத்தான் செய்யும் போலிருக்கிறது.

மிஞ்சியது பத்தியம். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில் என் மனைவி செங்கல் வைத்தாள். ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்குள். இடது பக்கம் சாய்ந்து தூக்கம். காப்பி கூடாது, கீழ்மலையில் தாண்டிக்குடி, பெரும்பாறைப் பக்கம் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே பஸ்ஸில் போகும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். சாக்லேட் கூடாது, கோடைக்கானலில் கடைக்குக் கடை தொங்கும் பலகை அது ஒன்றுதான். கிசுகிசுப்பது அறவே கூடாது. முக்கிக் கிசுகிசுத்தால் குரல் மடிப்புகளுக்குச் சிரமம் கூடும் என்றார் டாக்டர். பேசினால் பேசு, இல்லாவிட்டால் சும்மா இரு. நடுவாந்தரம் கிடையாது. தமிழ் விமர்சகனுக்கு இதைவிடக் கடினமான பத்தியம் யாரும் எழுதித் தரமுடியாது.

விஷயத்துக்கு வருகிறேன்.

என் குரல் நல்ல குரல். சொல்லிக்கொள்வதில் இனி வெட்கமில்லை, அது இறந்தகாலம். கனமான, அடிவயிற்றுக் குரல். கோடைப் பண்பலை 100.5இல் பேசப் போயிருக்கலாமே என்று கௌண்ட்டரில் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். மலை உச்சியிலிருந்து பேசினால் சமவெளி முழுக்கக் கேட்கும் என்கிற நினைப்பு எனக்கும் உள்ளூர உண்டு. பத்து வருஷமாக மாதம் ஒரு ஞாயிறு இறங்கிப்போய்க் கூட்டங்களில் கவிதையைப் பற்றிப் பேசிவந்தேன். வத்தலக்குண்டைத் தாண்டும்போது ராஜம் ஐயர், பி.எஸ். ராமையா, செல்லப்பா என்று மனசுக்குள் பெயர்களைச் சொல்லிக்கொள்வேன். அந்த வரிசையில் ஒரு ஓரம் எனக்கும் காலியாக இருப்பதுபோல.

1959இல் ‘எழுத்து’ ஆரம்பித்த காலந்தொட்டுப் புதுக்கவிதை மேல் ஒரு புகார் உண்டு: அது கண்ணுக்கு எழுதப்படுவது, காதுக்கு அல்ல என்று. நான் இதை மறுத்து எழுதிவந்தவன். நல்ல புதுக்கவிதைக்கும் குரல் உண்டு, அது யாப்பின் குரல் இல்லை, ஒரு மனிதன் ஒரு குறிப்பிட்ட தருணத்தில் மூச்சு விடுகிற விதம் என்பது என் கட்சி. தொல்காப்பியரைத் துணைக்கழைப்பேன். உந்தியிலிருந்து கிளம்பும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் தங்கி எழுத்தாகிறது என்று பிறப்பியலில் சொல்லியிருக்கிறார் அல்லவா? உந்தியிலிருந்து காற்று மட்டும் கிளம்புவதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மூன்று வருஷம் முன்பு திண்டுக்கல்லில் ஒரு கூட்டம். ஒரு இளைஞரின் முதல் தொகுதி. பெயர் வேண்டாம். நான் பேசினேன். இந்தக் கவிதைகளில் குரலே இல்லை என்றேன். நிரூபணமாக ஒன்றை வாசித்துக் காட்டினேன். சபை சிரித்தது. இரண்டாவதை வாசித்தேன். இன்னும் சிரித்தது. அந்த இளைஞர் முன்வரிசையில் உட்கார்ந்து அவரும் சிரித்தார். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, “நீங்க படிச்சதுக்கப்புறம் எனக்கே அப்படித்தான் தோணுது சார்” என்றார். அதை நான் விமர்சனத்தின் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு வருஷம் அவர் எங்கேயும் எழுதவில்லை.

பேச்சு நின்றுபோன அந்த மாதங்களில், செங்கல் உயர்த்திய கட்டிலில் சரிந்தபடி, கையில் அகப்பட்டதையெல்லாம் படித்தேன். அந்தத் தொகுதியும் அகப்பட்டது. எனக்கு ஒரு வழக்கம். மனசுக்குள் படித்தாலும் உதடும் தொண்டையும் லேசாக அசையும். அதுவும் வலித்ததால் அடக்கிக்கொண்டு, கண்ணால் மட்டும் படித்தேன். நான் அன்று சிரிக்கவைத்த கவிதையில் சிரிக்க ஒன்றுமில்லை. ஏற்ற இறக்கமில்லாமல், சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிற கவிதை. அதை நான் எப்படி வாசித்தேன் என்பது ஞாபகம் வந்தது. வரியின் கடைசிச் சொல்லை இழுத்தேன். இல்லாத இடத்தில் நிறுத்தினேன். புருவத்தைத் தூக்கினேன். கவிதைக்குக் குரல் இல்லை என்று நிரூபிக்க என் குரலை அதன் மேல் ஏற்றி நசுக்கியிருக்கிறேன். தொகுதி முழுதும் அபாரம் என்று சொல்லவரவில்லை. பாதிக்குமேல் சாதாரணம். ஆனால் நான்கு கவிதைகள் நிற்கின்றன. நான் கிழித்த இரண்டும் அந்த நான்கில் சேர்த்தி.

எலியட் லாயிட்ஸ் வங்கியில் 1917 முதல் 1925 வரை குமாஸ்தாவாக இருந்தவர். வங்கிக் குமாஸ்தாக்கள் எல்லோருக்கும் இது தெரியும், ஒரு நாளைக்கு உதவும் என்று வைத்திருப்போம். அவர் 1953இல் ஒரு சொற்பொழிவில் கவிதைக்கு மூன்று குரல்கள் என்று பிரித்தார். கவி தனக்குத்தானே, அல்லது யாருக்குமில்லாமல் பேசுவது ஒன்று. சபையை நோக்கிப் பேசுவது மற்றொன்று. ஒரு பாத்திரத்தின் வாயால் பேசுவது மூன்றாவது. கல்லூரியில் இதை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியிருக்கிறேன். அந்த இளைஞரின் குரல் முதல் வகை. நான் இரண்டாவதைத் தவிர வேறு எதையும் குரல் என்றே ஒப்புக்கொண்டதில்லை. காரணம் இலக்கியம் இல்லை. எனக்கு அதுதான் கைவசம் இருந்தது.

போன ஆவணியில் மறுபடி ஒரு கூட்டம். கட்டுரை எழுதிவிட்டேன், வாசிக்கக் குரல் இல்லை. யாராவது வாசியுங்கள் என்று சீட்டில் எழ்திக் காட்டினேன். எழுந்துவந்தவர் அந்த இளைஞர். என் வயிற்றில் என்ன சுரந்ததோ, அத்தனையும் மேலே வந்தது. அவர் பழிவாங்கியிருக்கலாம். வெறும் இழுப்பு ஒன்று போதும், வித்தையை நானே கற்றுக்கொடுத்தவன். அவர் நிதானமாக, ஒரு கடிதத்தைப் படிப்பதுபோல் படித்தார். எந்தச் சொல்லுக்கும் அதிகமாக எதையும் சேர்க்கவில்லை. அப்போதுதான் என் கட்டுரையை நான் கேட்டேன். எந்தெந்த இடத்தில் வாதம் இல்லையோ, அந்தந்த இடத்தில் குரலை நம்பி எழுதியிருந்தேன். குரல் உயரும், சபை தலையாட்டும், அடுத்த பத்திக்குப் போய்விடலாம். அவர் குரலை உயர்த்தவில்லை. பள்ளங்கள் பள்ளங்களாகவே கிடந்தன. யாரும் சிரிக்கவில்லை. யாரும் தலையாட்டவுமில்லை.

வெளியே வந்து அவரிடம் சொல்லவேண்டியதைச் சொன்னேன். கிசுகிசுக்கக் கூடாதென்பதால், உடைந்த குரலிலேயே சத்தமாகச் சொல்லவேண்டியதாயிற்று. பக்கத்தில் நின்ற நாலு பேருக்கும் கேட்டது. கேட்கட்டும். “பரவாயில்லை சார், உடம்பைப் பாருங்க” என்றார். மன்னித்துவிட்டார் என்று நான் எழுதமாட்டேன். அது அவர் விஷயம். மறுபடி எழுதுகிறாரா என்று கேட்க வாய் வந்தது; கேட்கவில்லை.

இப்போது கொஞ்சம் தேவலை. மாத்திரையா, செங்கல்லா, காலமா, சும்மா இருந்ததா, எது குணப்படுத்தியது என்று என்னால் பிரித்துச் சொல்லமுடியவில்லை. குரல் வந்திருக்கிறது, ஆனால் பழையது இல்லை. மெல்லிசாக, ஓரத்தில் பிசிறோடு. பாங்கில் டோக்கன் எண்களை இயந்திரம் கூப்பிடுகிறது; அதற்கு வயிறு இல்லை, தொல்லையுமில்லை.

போன வாரம் பூம்பாறைக் கிழவி வந்தாள். தொகையைப் படித்தேன். இப்போதெல்லாம் சந்தேகப்படாமல் வாங்கிக்கொள்கிறாள். முந்தானையில் முடிந்துகொண்டே கேட்டாள்: “முன்னாடி ஒரு தம்பி இருந்துச்சே, கணீர்னு பேசும். மாத்திட்டாங்களா?”

“ஆமாம் பாட்டி” என்றேன்.