குளத்தால் செய்த குளம்

கார்த்திகை மழை விட்டிருந்த காலையில் தஞ்சாவூர்ப் பட்டறை ஒன்றுக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பெரிய கோயில் விமானம் முழ உயரத்தில் பால்வெள்ளையாக நின்றது. தந்தம் போன்ற நிறம். பக்கத்தில் கிடந்த தூண் ஒன்றைக் கையில் எடுத்தேன், கனமே இல்லை. "நெட்டி தம்பி. ஊதினா பறந்துரும்" என்றார் அந்தக் கலைஞர். வயது அறுபதைத் தாண்டியவர்.

எங்கள் ஊர்க் குளக்கரையைப் படமாகச் செய்து பார்க்கும் ஆசையோடு வந்திருந்தேன். வானத்துக்கு நீர்வண்ணம், கரைக்கு ஆற்று மணல், கூரைக்குத் தென்னம்பன்னாடை, கோயிலுக்கும் படித்துறைக்கும் நெட்டி. கோபுரங்களையே செய்து பழகியவருக்கு இந்தக் கலவை புதிது. ஆனாலும் தமக்குப் பக்கத்திலேயே எனக்கும் ஒரு பலகை போட்டுக் கொடுத்தார்.

நெட்டி குளத்திலும் ஏரியிலும் வளரும் செடி. தண்ணீருக்குள் நிற்கும் அதன் தண்டு பருத்து, உள்ளே பஞ்சு போலச் சோறு பிடிக்கிறது. அறுத்து, வெயிலில் காயவைத்து, பழுப்புத் தோலைச் சீவினால் வெள்ளைத் தண்டு கிடைக்கும். வங்காளத்தில் துர்க்கை சிலைக்கு வெள்ளை நகைகள் செய்வதும், வெள்ளைக்காரர்கள் போட்டுத் திரிந்த சோலா தொப்பி உருவானதும் இதே தண்டிலிருந்துதான். டெல்டா கிராமங்களில் மாட்டுப் பொங்கலன்று மாட்டின் கழுத்தில் தொங்குவது சாயம் ஏற்றிய நெட்டிமாலை. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

படித்துறையில் தொடங்கினேன். கத்தியை வைத்து அழுத்தினேன். தண்டு நசுங்கியது. "அமுக்காதீங்க, இழுங்க. நசுங்குனது திரும்பி எந்திரிக்காது" என்றார். கல்லில் நாலு இழுப்பு தீட்டிய கத்தியை அவர் தண்டின் மேல் ஓட்டியபோது, சத்தமே இல்லாமல் காகிதம் போல ஓர் ஏடு பிரிந்து வந்தது. எனக்கு அப்படி ஓர் ஏடு வர மத்தியானம் ஆகிவிட்டது. ஒரே அளவில் ஏழு படிகள் வெட்டி முடிப்பதற்குள் மடி நிறைய வெள்ளைச் சீவல்.

அவருடைய துணைவியார் எதிரே உட்கார்ந்து, விமானத்தில் ஒட்டவேண்டிய சிறு சிறு துண்டுகளை அளவு பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். குறிப்பு எதையும் பார்க்கவில்லை. எந்தத் துண்டு எந்த நிலைக்கு என்பது அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது. பெட்டிக்குள் போகும் வேலையில் அவர் பெயர் எங்கும் இருக்காது என்பது எனக்கு உறுத்தியது.

ஈரப் படி கொஞ்சம் கறுத்துத் தெரியட்டும் என்று கீழ்ப்படியில் நீலம் தொட்டு வைத்தேன். நெட்டி அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டது. விளிம்பு ஊறித் தளர்ந்தது. பசையும் அப்படித்தான், ஒரு சொட்டு கூடினால் துண்டு சுருங்கும். அந்தப் படியைப் பிரித்து எடுத்துவிட்டு வேறு வெட்டினேன். நிறத்தை வானத்தோடும் தண்ணீரோடும் நிறுத்திக்கொண்டு, நெட்டியை வெள்ளையாகவே விட்டேன். அப்புறம்தான் ஒன்று கவனித்தேன். பக்கவாட்டில் விளக்கு வைத்தால் படிகளின் நிழலே ஈரம் போல விழுகிறது. நான் தேடிய கறுப்பு வெட்டிலேயே இருந்தது.

மூன்றாம் நாள் படம் முடிந்தது. கோயில், படித்துறை, கூரைவீடு, மணற்கரை. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "செடி நிக்குற எடத்தப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

சாயங்காலம் ஊருக்கு வெளியே ஒரு குளத்துக்குக் கூட்டிப் போனார். பாதிக் குளம் ஆகாயத்தாமரை. மிச்சம் இருந்த தண்ணீரில், ஓரமாக, தொட்டாற்சிணுங்கி இலை போன்ற இலைகளோடு நெட்டி நின்றது. உச்சியில் சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள். "முன்ன இந்தக் கரை முழுக்க இதான். இப்ப தண்டுக்கு ஊர் ஊரா அலையணும்" என்றார்.

எங்கள் ஊர்க் குளத்திலும் இந்த மஞ்சளைப் பார்த்திருக்கிறேன். களை என்று நினைத்துக் கடந்து போயிருக்கிறேன். மூன்று நாள் என் கையில் இருந்தது அந்தச் செடியின் உடம்பு. அதைக்கொண்டு ஊரையே செய்து முடித்தேன், அந்தச் செடிக்கு மட்டும் படத்தில் இடம் வைக்கவில்லை.

பட்டறைக்குத் திரும்பினோம். மடியிலிருந்து உதறிய சீவல் பாயின் ஓரத்தில் அப்படியே கிடந்தது. மெல்லியதாக நாலு எடுத்து, படித்துறை ஓரத் தண்ணீரில் நட்டேன். தூரிகை நுனியில் மஞ்சளைத் துடைத்து, ஈரம் போனபின் மெல்லத் தொட்டு வைத்தேன்.