ஆற்றில் விட்ட துணி

கணக்கெடுக்க வந்த அம்மா கேட்டைத் திறந்தபோது எங்கள் மொட்டைமாடிக் கொடியில் பதினோரு வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றுகூட எங்கள் வீட்டு வேட்டி கிடையாது.

2024 மே மாதம். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு. "தம்பி ஸ்கூலுக்குப் போகலன்னு பக்கத்துல சொன்னாவ, அதான் டீச்சர்..." என்று அவரே கூச்சப்பட்டுக்கொண்டு ஆரம்பித்தார். என்னைத் தெரிந்தவர்தான். விக்கிரமசிங்கபுரத்தில் ஒன்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளைத் தெரியாமல் இருக்காது. அவர் கையிலிருந்த தாளில் 'இடைநின்றவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்த வார்த்தையை நானும் பல பிள்ளைகளின் பெயருக்கு நேரே எழுதியிருக்கிறேன், கை கூசாமல். என் பிள்ளையின் பெயருக்கு நேரே வரப்போகிறது என்றதும் மோர் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அவர் அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "வீட்ல என்ன படிக்கிய தம்பி?"

"துணி" என்றான்.

உள்ளறையில் என் மாமியார் காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். அதற்கும் அந்த வேட்டிகள்தான் காரணம்.

*

அவன் ஆறாம் வகுப்பில் பாதியில் நின்றான். எழுதுவது அவனுக்கு மெதுவாகத்தான் வரும். போர்டில் இருக்கும் பத்து வரியை மற்ற பிள்ளைகள் எழுதி முடித்துப் பையை மூடும்போது இவன் மூன்றாவது வரியில் நிற்பான். ணகரத்துக்குச் சுழி ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். கொரோனாவுக்குப் பிறகு 2021 நவம்பரில் சின்ன வகுப்புகள் திறந்தபோது, எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான், சரியாகிவிடும் என்றார்கள். நானும் மற்ற பெற்றோர்களிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். சரியாகவில்லை. ஒரு நாள் அவன் நோட்டை வகுப்பு முழுக்கச் சுற்றவிட்டுச் சிரிக்க வைத்திருக்கிறார்கள். எந்தப் பள்ளி, யார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அப்படி ஒரு டீச்சராக நான் எந்த நாளும் இருந்ததில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

பிறகு 2023 டிசம்பர் 17, 18 வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று செய்தியில் சொன்ன நாட்கள். தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் புகுந்தது. பள்ளிகள் மூடின, அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போனது. ஊரே தண்ணீருக்குப் பயந்து கிடந்த அந்த நாட்களில் அவன் பல் கடிக்காமல் தூங்கினான். ஜனவரியில் மறுபடி பள்ளி திறந்த அன்று ஷூவைப் போட்டுக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அழவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கலாமா என்று தேடினேன். 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் ஆறிலிருந்து பதினான்கு வயது வரை கட்டாயக் கல்வி என்கிறது. வீட்டுக்கல்வியைப் பற்றி அதில் பேச்சே இல்லை. பன்னிரண்டரை வயது முடிந்தால் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். பதினான்கு முடிந்தால் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது எழுதலாம். இந்த இரண்டு வரியையும் ஒரு தாளில் எழுதிக் காட்டித்தான், பேங்கில் வேலை பார்க்கும் என் கணவரைச் சம்மதிக்க வைத்தேன். அவர் சம்பளம் இருந்தது, நான் வேலையை விட முடிந்தது. அது இல்லாத வீட்டில் இந்தக் கதையே கிடையாது.

முதல் இரண்டு மாதம் நான் நடத்தியதை வீட்டுக்கல்வி என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரே ஒரு மாணவன் படிக்கிற மெட்ரிக் பள்ளி அது. ஒன்பது மணிக்குக் கணக்கு, பத்துக்கு அறிவியல். கைபேசியில் மணிகூட வைத்திருந்தேன். செயல்திட்டம் வழியாகப் படிக்க வேண்டும் என்கிறார்களே என்று தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளை எடுத்தேன். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம். முதல் ஏழும் பழையவை, கடைசியான திருவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் கட்டியது. நல்ல தலைப்பு என்று இன்றைக்கும் சொல்வேன். சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி ஓர் அணைக்கட்டு. கூடவே வந்தான், ஜன்னலோரம் உட்கார்ந்தான், வரையச் சொன்னதை வரைந்தான். அவன் கண் விரிந்தது ஒரே ஒரு தடவை. கன்னடியன் கால்வாயைப் பற்றி ஊரில் ஒரு கதை சொல்வார்கள்: பசு நடந்த தடத்திலேயே வாய்க்கால் வெட்டினார்கள், பசு படுத்த இடத்தில் குளம் வெட்டினார்கள் என்று. "பசு எங்கயுமே படுக்கலன்னா?" என்று கேட்டான். நான் அணையின் நீளத்தைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன்.

மார்ச்சில் சார்ட் முடிந்தது. தலைப்புக்கு நானே வண்ணம் தீட்டினேன். குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டதும் கைதட்டும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அவனிடம் காட்டினேன்.

"ஒன் ப்ராஜெக்ட் நல்லாருக்கும்மா" என்றான். கிண்டல் இல்லை. உண்மையாகவே பாராட்டினான்.

பி.எட். படிக்கும்போது கில்பாட்ரிக் என்று ஒரு பெயரை மனப்பாடம் செய்து மறந்திருந்தேன். 'ப்ராஜெக்ட் மெத்தட்' என்று 1918ல் கட்டுரை எழுதிய அமெரிக்கப் பேராசிரியர். அன்றிரவு அந்தக் கட்டுரையைத் தேடி முதல்முறையாக முழுசாகப் படித்தேன். அவர் முதலில் காட்டும் உதாரணம் ஒரு பெண் தனக்கு உடுப்பு தைப்பது. தைக்க வேண்டும் என்கிற ஆசை அவளுடையதாக இருந்து, திட்டமும் அவளே போட்டு, அவளே தைத்தால்தான் அது ப்ராஜெக்ட் என்கிறார். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு இதை எழுதி நாலரை வாங்கியவள் நான்.

*

பாபநாசம் வந்திராதவர்களுக்கு: பொதிகையிலிருந்து இறங்கும் தாமிரபரணி சமவெளியைத் தொடுகிற இடம். பாபநாசநாதர் கோயிலுக்கு முன்னால் படித்துறை. திதி கொடுக்கவும் தோஷம் கழிக்கவும் எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். முங்கி எழுந்து, உடுத்தியிருந்ததை ஆற்றோடு விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். துணியைப் போடாதீர்கள் என்று பலகை இருக்கிறது. பலகைக்கு அடியிலும் துணி கிடக்கும்.

ஏப்ரலில் ஒரு காலை மீனுக்குப் பொரி போடப் போயிருந்தோம். பாறை இடுக்கில் ஒரு சிவப்புச் சேலை சிக்கி, தண்ணீர் இழுக்க இழுக்க நீண்டுகொண்டிருந்தது.

"இதெல்லாம் எங்கம்மா போவுது?"

பழைய ஆளாக இருந்தால் அங்கேயே நீர் மாசு பற்றி ஒரு பாடம் நடத்தியிருப்பேன். சார்ட்டுக்குப் பிறகு கொஞ்சம் வாய் அடங்கியிருந்தது. "தெரியலையேல" என்றேன். அவன் பொரிப் பொட்டலத்தின் பின்பக்கம் என் பேனாவை வாங்கிக் கோடு போட ஆரம்பித்தான். ஒரு துணிக்கு ஒரு கோடு. ஒரு மணி நேரத்தில் இருபத்து மூன்று.

மறுநாள் அவனே என்னை எழுப்பினான். அடுத்த வாரம் ஒரு நீள நோட்டு வந்தது. நேரம், என்ன துணி, பருத்தியா பாலியெஸ்டரா, ஈர எடை, காய்ந்த எடை, ஏன்? கடைசிக் கட்டத்துக்கு ஏன் கேள்விக்குறி என்றேன். "அது அவங்கதான சொல்லணும்" என்றான்.

துணி அள்ளும் அக்கா ஒருத்தி அங்கே உண்டு. முதலில் இவனை விரட்டினாள். நாலாம் நாள் தன் குச்சியை இவனிடம் பிடிக்கக் கொடுத்தாள். எந்தப் பாறையில் சேலை சிக்கும், எதில் வேட்டி சிக்கும், தண்ணீர் கூடத் திறந்துவிட்டால் எது எவ்வளவு தூரம் போய் நிற்கும், எல்லாம் அவளுக்கு அத்துபடி. அவள் சொல்லச் சொல்ல இவன் எழுதுவான். அவளுக்கு எழுதப் படிக்க வராது. அதனால் இவன் எழுதுவது மெதுவா வேகமா என்றும் அவளுக்குத் தெரியாது. "எழுதிட்டியா தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த துணியை எடுப்பாள். நான் தள்ளி, படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் ஒரு பிள்ளைக்காக அப்படிக் காத்திருக்க எனக்கு நேரம் இருந்ததே இல்லை.

தொங்கு தராசு ஒன்று வாங்கிக் கொடுத்தோம். பருத்தி தண்ணீரைக் குடித்து எடை ஏறுகிறது, பாலியெஸ்டர் அவ்வளவு குடிப்பதில்லை. இதிலிருந்துதான் விகிதம் வந்தது, தசமம் வந்தது, சராசரி வந்தது. ஓரத்து நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தான். பருத்தி, காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். அந்த மணியை விரலில் உருட்டிக்கொண்டே, "பாவம் பாலியெஸ்டர்ல இருந்துச்சுன்னா மக்கவே மக்காதுல்லாம்மா" என்றான். துணி எங்கிருந்து வருகிறது என்று போய், ஹார்வி மில்லில் வந்து நின்றான். 1880களில் இங்கே மில் வந்ததே ஆறு உயரத்திலிருந்து விழும் விசைக்காகத்தான். அவன் தாத்தா, அதாவது என் அப்பா, அந்த மில்லில் வேலை பார்த்தவர். இதை நான் ஒரு பாடமாக அவனுக்குச் சொன்னதே இல்லை. தெருமுனை டீக்கடையில் பழைய மில்காரர் ஒருவரிடம் கேட்டு வந்து எனக்குச் சொன்னான்.

எல்லாம் துணிக்குள் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. வாழ்க்கையே பாடம், பிள்ளைகள் தானாக மலர்வார்கள் என்று எழுதுகிறவர்களைப் படித்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பின்னக் கூட்டல் எந்த வேட்டியிலும் இல்லை. உட்கார்ந்து போட்டுத்தான் ஆக வேண்டும். அதற்காகக் காலையில் நாற்பது நிமிடம் அந்த மெட்ரிக் பள்ளி இன்னும் நடக்கிறது. இங்கிலீஷ் பின்தங்கித்தான் கிடக்கிறது. பகல் பதினோரு மணிக்குத் தெருவில் அவனோடு பேச நாய்தான் உண்டு. சாயங்காலம் கிரிக்கெட்டுக்குப் போனால் 'பழந்துணி' என்று கூப்பிடுகிறார்களாம். சொல்லும்போது சிரித்தான். அந்தச் சிரிப்பை எத்தனை நாள் நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

*

காய்ந்த எடை எடுக்க வேண்டும் என்று பதினோரு வேட்டிகளைச் சாக்கில் கட்டி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான். நான் விடிகாலையில் அசந்த நேரம். அத்தை மாடிக்கு வடகம் காயப்போடப் போய்ப் பார்த்துவிட்டார்.

"ஏட்டி, செத்த வீட்டுத் துணிய வீட்டுக்குள்ள கொண்டாந்து காயப்போட்டிருக்கான், நீ பாத்துக்கிட்டு நிக்க? இதுவா படிப்பு?"

எனக்கும் அடிவயிறு கலங்கத்தான் செய்தது. படித்தவள் என்பதெல்லாம் அந்த நேரத்தில் உதவிக்கு வரவில்லை. கணக்கெடுக்க அந்த அம்மா வந்தது இதற்கு நடுவில். இவன் சளைக்காமல் அவருக்கு நோட்டைக் காட்டினான். அவரும் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். கடைசியில் 'இடைநின்றவர்' கட்டத்தில்தான் டிக் போட்டார். "வேற கட்டம் இல்ல டீச்சர்" என்றார்.

அவர் போன பிறகு இவன் ஆச்சியின் முன்னால் போய் உட்கார்ந்தான். "ஆச்சி, பாவத்தத் தண்ணி எடுத்துரும்லா? பெறவு துணியில எப்படி இருக்கும்?"

அத்தை நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "துணில இருக்கது பாவம் இல்லல. துக்கம்" என்றார். "ஒங்கம்மையும்தான் கொண்டு விட்டா. அவகிட்ட கேளு."

"நீயாம்மா?"

2016ல் அப்பா போனபோது இவனுக்கு நாலு வயது. பதினாறாம் நாள் முடிந்து, ஆஸ்பத்திரியில் அவர் கடைசியாகக் கட்டியிருந்த வேட்டியை அந்தப் படித்துறையில் விட்டேன். அது உருண்டு திரண்டு போனதை மட்டும் பார்த்தேன், எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

சொன்னேன். நோட்டை எடுத்துவந்து முதல் பக்கத்தில், முதல் வரிசைக்கும் மேலே இருந்த இடத்தில், 2016 என்று எழுதினான்.

"காட்டனா?"

"காட்டன்."

"எடை?"

"தெரியாது."

"ஏன்-ல என்ன எழுத?"

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அவன் பேனாவைப் பிடித்தபடியே இருந்தான், அவசரப்படுத்தாமல். அந்த அக்காவிடம் கற்றதாக இருக்கலாம். கடைசியில் "அப்பாவ அந்த வேட்டியில திரும்பத் திரும்பப் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றேன். முழு வரியையும் எழுதினான். எழுதி முடிக்க ஐந்து நிமிடமாவது ஆகியிருக்கும்.

வேட்டிகளை அன்றைக்கே திருப்பிக் கொண்டுபோய் அக்காவிடம் ஒப்படைத்தோம். அத்தை குளித்துவிட்டு மூன்று மணிக்கு மேல் சாப்பிட்டார். காய்ந்த எடையை இனி ஆற்றங்கரையிலேயே எடுப்பது என்று முடிவானது.

*

ஆகஸ்ட் 4, ஆடி அமாவாசை. படித்துறையில் கால் வைக்க இடமில்லை. இவ்வளவு கூட்டத்தை எப்படி எண்ணுவது என்று முந்தின ராத்திரியே யோசித்து, கீழ்ப்படியில் ஒரு பகுதியை மட்டும், அரை மணிக்குப் பத்து நிமிடம் எண்ணினால் போதும் என்று அவனே ஒரு முறை வைத்திருந்தான். மாதிரி எடுத்தல் என்று அதற்குப் பெயர் இருப்பதை நான் அன்று சொல்லவில்லை. நான் கோடு போட வேண்டும், அவன் பார்த்துச் சொல்வான். ஏன் என்பதை முடிந்தவர்களிடம் அவன் கேட்பான். சிலர் திட்டினார்கள். சிலர் ஒரு வார்த்தையில் முடித்தார்கள். வயதான அம்மா ஒருவர் அவனை உட்காரவைத்து முழுக்கதையும் சொன்னார்.

எட்டு மணி வாக்கில், எங்களுக்கு இரண்டு படி கீழே, மொட்டையடித்த ஒரு பையன் வந்து நின்றான். இவன் வயதுதான் இருக்கும். மாமாவோ சித்தப்பாவோ தோளைப் பிடித்திருந்தார். தர்ப்பணம் கொடுத்துவிட்டு முங்கி எழுந்தான். இடுப்பில் பெரியவர்கள் கட்டும் நீள வேட்டி, நாலாக மடித்தும் தரையில் இழுபட்டது. அதை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டான். போகச் சொல்லி அவர் இழுத்தும், நின்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

நான் கோடு போடப் பேனாவை வைத்தேன். அவன் நோட்டை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி மூடினான்.

"பத்து நிமிஷம் ஆயிட்டா?" என்றேன்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு."

ஆனால் திறக்கவில்லை. அந்தப் பையன் படியேறிப் போகும்வரை இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். பிறகு பசிக்குது என்றான். கோயில் வாசலில் இட்லி சாப்பிட்டோம். எட்டரை மணிக் கணக்கை மறுபடி எடுத்தோம்.