பன்னிரண்டு நாளில் திரும்பி விடுவோம்

எங்கள் ஊரில் மலை கிடையாது. தூரத்தில் நீலமாகத் தெரியும் பூலாய் மலையை விட்டால், பெக்கான் நானாஸைச் சுற்றி எல்லாமே தட்டை நிலம்தான். கால் வைத்தால் மெத்தென்று அமுங்கும் சதுப்பு மண். அந்த மண்ணில் நன்றாக விளைவது அன்னாசி. ஊரின் பெயரே அதுதானே! ஸ்கூடாயிலிருந்து பொந்தியான் போகும் சாலையில் பழக்கடைகளைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு கடையில்தான் இரண்டு ஆண்டுகளாக வாரக் கடைசியில் பழம் சீவிக் கொடுத்து, பயணத்திற்காகப் பணம் சேர்த்தேன்.

என்ன பயணம் என்று கேட்கிறீர்களா? மோட்டார் பயணம்தான்.

சென்ற தவணைத் தேர்வு முடிந்த இரவு, மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே நாங்கள் மூவர் எடுத்த முடிவு அது. கூலாய் நண்பனிடம் புது யமஹா இருக்கிறது. குளுவாங் நண்பனிடம் அவன் அண்ணன் கொடுத்த பழைய யமஹா. என்னிடம் இருப்பது அப்பாவின் ஹோண்டா இ.எக்ஸ்.5. மூன்றுமே கப்சாய் மோட்டார்கள்தான். பெரிய மோட்டார்க்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் போகட்டும்!

எங்கள் நிபந்தனைகள் மூன்று. வெயில் வேண்டும். மலை வேண்டும். வீட்டு வாசலிலிருந்து சொந்த மோட்டாரிலேயே போய் வர வேண்டும். கேமரன் மலை பக்கம். கினபாலு மலைக்கு இடையில் கடல். லடாக் போக எங்கள் மூவரின் சேமிப்பையும் கூட்டினாலும் பற்றாது. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தபோது மிஞ்சியது தாய்லாந்து. நம்மைப் போலவே அங்கும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஓட்டுநர் உரிமத்தை ஒருவருக்கொருவர் ஏற்றுக்கொள்ள ஆசியான் நாடுகள் 1985-இல் செய்துகொண்ட ஒப்பந்தம் இருப்பதால் நம் உரிமமும் செல்லும்.

தாய்லாந்தில் மலை என்றால் எல்லாரும் வடக்கே மே ஹோங் சோனுக்குத்தான் போவார்கள். எங்கள் விடுமுறைக்கு அது மிகத் தூரம். அப்போதுதான் கூலாய் நண்பன் 323-ஆம் எண் சாலையைக் கண்டுபிடித்தான். காஞ்சனபுரி நகர் வழியாக, காடும் மலையும் ஆறுமாக, பர்மா எல்லையில் உள்ள மூன்று பகோடா கணவாய்ப் பக்கம் வரை போகிறது. காஞ்சனபுரி நகரிலிருந்து ஏறக்குறைய 240 கிலோமீட்டர். படத்தில் பார்த்த வளைவுகளுக்காகவே அதைத் தேர்ந்தெடுத்தோம். காஞ்சனபுரி என்ற பெயரை எங்கோ கேட்டது போலத்தான் இருந்தது. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

திட்டம் போடுவது பயணத்தை விடச் சுகமான வேலை என்று அப்போது தோன்றியது. டிசம்பர் விடுமுறை வேண்டாம், வடகிழக்குப் பருவமழையில் ஹட்யாய் பக்கம் வெள்ளம் வரும் என்றான் குளுவாங் நண்பன். பிப்ரவரியில் மழை குறைவு, தவணை விடுமுறையும் வருகிறது. முதல் நாள் ஈப்போ. இரண்டாம் நாள் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையைக் கடந்து ஹட்யாய். மூன்றாம் நாள் சும்போன். நான்காம் நாள் ராட்சபுரி, பான் போங் வழியாகக் காஞ்சனபுரி. போக மட்டும் சுமார் 1,800 கிலோமீட்டர். மலைச் சாலையையும் சேர்த்துப் போய் வர 4,000 கிலோமீட்டர் ஆகிவிடும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மோட்டாருக்கு டோல் இல்லை என்பது எங்களைப் போன்ற மாணவர்களுக்குப் பெரிய வரம்!

அடுத்து ஆவணங்கள். போக நினைக்கும் தம்பி தங்கைகளுக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறேன். ஆறு மாதமாவது செல்லுபடியாகும் கடப்பிதழ் வேண்டும். 2025 மே முதல் தாய்லாந்து வருகைப் பதிவை இணையத்திலேயே முன்கூட்டிச் செய்ய வேண்டும். நம் காப்புறுதி அங்கே செல்லாது; எல்லைக் கடைகளில் தாய்லாந்துக் காப்புறுதி வாங்கிக்கொள்ள வேண்டும். சுங்கத்தில் மோட்டாரைத் தற்காலிகமாக உள்ளே கொண்டு வருவதாக எழுதிக் கொடுத்து ஒரு தாள் வாங்க வேண்டும். திரும்பும்போது அந்தத் தாளைக் காட்ட வேண்டும், தொலைத்தால் வம்பு. இத்தனைக்கும் மேலாக மோட்டாரின் கெரான். அது உங்கள் பெயரில் இல்லையென்றால், உரிமையாளர் அனுமதிக் கடிதம் எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையொப்பமிட்டுத் தர வேண்டும்.

என் மோட்டாரின் கெரான் அப்பா பெயரில் இருக்கிறது.

அப்பா அன்னாசி லோரி ஓட்டுபவர். முப்பது ஆண்டுகளாகச் சாலையைப் பார்க்கிறவர். கடிதத்தை நீட்டியதும் முழுதும் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“ரோட்டுல கெடக்கிற மோட்டார நீ பாத்ததில்ல. நான் பாத்திருக்கேன். வேணாம்.”

அவ்வளவுதான். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நம் நாட்டுச் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டாரோட்டிகள். தாய்லாந்திலும் அதே கதைதான். அம்மா இன்னும் ஒருபடி மேலே போய், இரண்டு நாள் என்னுடன் பேசவே இல்லை. என் மோட்டார் இல்லாமல் மற்ற இருவரும் போவதாக இல்லை. திட்டம் அத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து வைத்து, தொலைபேசியில் நண்பனிடம் வருத்தத்தோடு பேசிக்கொண்டிருந்தேன். “சும்போன், ராட்சபுரி, பான் போங்... எல்லாம் போச்சுடா” என்றேன். பக்கத்து நாற்காலியில் தாத்தா. வயது 87. காது சரியாகக் கேட்காது. நாங்கள் பேசுவது எதிலும் கலந்துகொள்ள மாட்டார். அன்று தலையை நிமிர்த்தினார்.

“என்ன சொன்ன? பாம்போங்கா?”

“ஆமா தாத்தா. சயாம்ல ஒரு ஊரு.”

“அங்கதான் எறக்கி விட்டாங்களாம்” என்றார்.

யாரை என்று நான் கேட்கவில்லை. அப்பாவும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

தாத்தாவின் அப்பா சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அது ஒரு வரிச் செய்தியாகத்தான் தெரியும். அன்றுதான் தாத்தா முழுதாகச் சொன்னார். 1943-ஆம் ஆண்டு. குளுவாங் பக்கம் ரப்பர்த் தோட்டம். ஜப்பான்காரன் காலத்தில் பால்மரம் வெட்டு நின்று போய், மரவள்ளிக் கிழங்கு தின்ற நேரம். சயாமில் ரயில் ரோடு போட ஆள் வேண்டும், நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி லோரியில் ஏற்றினார்களாம். தாத்தாவுக்கு அப்போது ஐந்து வயது. அப்பாவின் முகம் நினைவில் இல்லை. லோரியின் பின்பக்கப் பலகை மட்டும் நினைவில் இருக்கிறதாம். அதே தோட்டத்திலிருந்து போன ஒருவர் சண்டை முடிந்து எலும்பும் தோலுமாக வந்து, கூட்ஸ் வண்டியில் நாள் கணக்கில் போனதையும், பாம்போங்கில் இறக்கிக் காட்டுக்குள் நடக்க வைத்ததையும் சொன்னாராம். அதன் பிறகு என்ன ஆனது என்று அவருக்கும் தெரியவில்லை.

“எங்கம்மா தாலிய கழட்டவே இல்ல. செத்துப் போனான்னு யாரும் வந்து சொல்லலியே. 1979ல அவ போகும்போதும் கழுத்துல தாலி இருந்துச்சு. மூணு மாசம்னுதான் சொல்லிட்டுப் போனாராம்.”

மறுநாள் பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்தேன். பயண நூல்கள் அடுக்கியிருந்த இடத்திற்கு அல்ல, வரலாற்றுப் பகுதிக்குப் போனேன். ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ நாவலையும் தேடி எடுத்தேன். பெயரைக் கேள்விப்பட்டிருந்தேனே தவிர, அதுவரை கையில் எடுத்ததில்லை.

சயாம் பக்கம் பான் போங் அருகே நோங் பிளாடுக் என்ற இடத்தில் தொடங்கி, பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில்பாதை. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் வேலை செய்தார்கள். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் அளவில் இருந்திருக்கலாம் என்கிறார்கள். மாண்டவர்கள் ஏறக்குறைய தொண்ணூறாயிரம் என்பது ஒரு மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். 1943-இல் மழைக்காலம் வந்தது, கூடவே காலரா வந்தது. போர்க்கைதிகளிடையே மருத்துவர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், யார் எப்போது இறந்தார் என்று எழுதி வைத்தார்கள். நம் ஆட்களுக்கு அப்படி யாரும் இல்லை.

இன்று காஞ்சனபுரி நகர நடுவில் போர்க்கைதிகளுக்கான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயரும் வயதும் உண்டு. குவாய் நதிப் பாலத்தைப் பற்றி 1957-இல் வந்த ஆங்கிலப் படம் உலகம் முழுக்க ஓடியது. அது எடுக்கப்பட்டது இலங்கையின் கித்துல்கலையில்! அந்தக் கதையிலும் நம் ஆட்கள் இல்லை. 2023-இல்தான் காஞ்சனபுரியின் வாட் தாவோன் வராராம் என்ற பௌத்த ஆலய வளாகத்தில், மாண்ட தமிழர்களுக்காக ஒரு நடுகல் நாட்டப்பட்டது. நம் நாட்டுத் தமிழர்கள் முயன்று செய்த காரியம் அது.

நாங்கள் வளைவுகளுக்காகத் தேர்ந்தெடுத்த 323-ஆம் எண் சாலை, அந்த ரயில்பாதையோடு ஒட்டிப் போகும் சாலை. காஞ்சனபுரியிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் போனால், பாறையைக் கையால் குடைந்து வழி வெட்டிய இடம் வருகிறது. இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் வேலை வாங்கியதால் போர்க்கைதிகள் அதற்கு நரகத்தீக் கணவாய் என்று பெயர் வைத்தார்களாம். அதன் படத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். ‘நல்ல இடம், நிழல் இருக்கிறது, இங்கே மதிய ஓய்வு’ என்று திட்டத் தாளில் எழுதியும் வைத்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன்.

இனி இது உல்லாசப் பயணம் ஆகுமா என்று நண்பர்களிடம் கேட்டேன். வேண்டாமென்றால் விட்டுவிடுவோம் என்றும் சொன்னேன். குளுவாங் நண்பன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எங்க பாட்டி வீட்டுலயும் ஒருத்தர் போனதா சொல்வாங்கடா. நான் கேட்டதே இல்ல” என்றான். அவன் அன்று இரவே வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தான். போவது என்று முடிவானது. மலையையும் பார்ப்போம், வளைவுகளையும் ரசிப்போம். அவர்களை நினைப்பதற்காக முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓட்ட வேண்டியதில்லை. ஆனால் காஞ்சனபுரியில் ஒரு நாள் கூடுதலாகத் தங்க வேண்டும்.

எந்த நாள் என்பதைத் தாத்தாதான் முடிவு செய்தார். இறந்த தேதி தெரியாததால் அவருக்குத் திதி கொடுத்ததே இல்லை. அமாவாசை நாளில் இருக்க வேண்டும் என்றார். சீனப் புத்தாண்டு எப்போதும் அமாவாசையை ஒட்டித்தானே வரும்! நெடுஞ்சாலையில் நெரிசல் என்பதால் எந்தப் பெருநாளைத் தவிர்க்கத் திட்டமிட்டோமோ, அதற்கு நான்கு நாள் முன்னதாகவே கிளம்புவது என்று மாற்றி எழுதினோம். மொத்தம் பன்னிரண்டு நாள்.

மறுவாரம் அப்பாவே, “அந்தக் கடுதாசி எங்க?” என்று கேட்டார். பொந்தியானுக்குக் கூட்டிப் போய் ஆணையர் முன் கையொப்பமிட்டார். வழியில் மோட்டார்க் கடையில் நிறுத்தி, இரண்டு டயரையும் செயினையும் பிரேக்கையும் மாற்றச் சொன்னார். பணம் அவரே கொடுத்தார். உதிரி டியூபும் ஸ்பார்க் பிளக்கும் வாங்கி என் கையில் வைத்து, கழற்றி மாட்டிக் காட்டச் சொன்னார். மூன்றாவது முறைதான் சரியாகச் செய்தேன். அம்மாவின் விதிகள் தனி: மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் கூடாது, பொழுது சாய்ந்தால் மோட்டாரைத் தொடக் கூடாது, நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை நின்று செய்தி அனுப்ப வேண்டும். இ.எக்ஸ்.5-இன் சிறிய டாங்கிக்கு அடிக்கடி எண்ணெய் போட நின்றுதான் ஆக வேண்டும். ஆகவே கடைசி விதி கடினமில்லை.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி இருந்தது. படையலுக்கு என்ன வைப்பது? இறந்தவர்களுக்குப் பிடித்ததை வைப்பதுதான் நம் வழக்கம். தாத்தாவிடம் கேட்டேன். வெகுநேரம் யோசித்தார்.

“அவருக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியாதுடா” என்றார். பிறகு, “பசியிலதான் போயிருப்பாரு. சோறு வை. நெறையா வை” என்றார்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வரிச் செய்தி இருக்கலாம். அதைச் சொல்லக் கூடியவர் இன்னும் இருந்தால், இந்த விடுமுறையிலேயே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். 323-ஆம் சாலையில் போய் வந்த மூத்த மாணவர்கள் யாராவது இருந்தால், எங்கே நல்ல எண்ணெய்க் கடை, எங்கே சாலை மோசம் என்று கழகத்தின் வழியாக எங்களுக்குச் சொல்லுங்கள்.

திட்டத் தாளைத் தாத்தா தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். அவருக்குத் தெரிகிற மாதிரி பெரிய எழுத்தில் எழுதித் தந்திருக்கிறேன். கிளம்பும் நாளை விட, திரும்பும் நாளைத்தான் அடிக்கடி கேட்கிறார்.

“பன்னெண்டு நாள்தான் தாத்தா” என்கிறேன்.

“எழுதி வெச்சிருக்கியா?” என்று மறுபடியும் கேட்கிறார்.