இஞ்சின் கைவேலை

பெரம்பூர் பக்கம் இருக்கும் அந்த ஆட்டோ கன்சல்டிங் கடையில் காலையிலேயே வண்டிகளைத் துடைத்து வரிசையாக நிறுத்திவிடுவார்கள். டயருக்கு ஒரு கறுப்புப் பூச்சு, பிளாஸ்டிக்குக்கு ஒரு மினுமினுப்பு, சீட்டுக்குப் புது உறை. நான் கண் வைத்திருந்தது ஒரு சிவப்பு வண்டி மேல். என்னோடு வந்த மெக்கானிக் அண்ணன் அதன் பக்கத்தில் போய் ஒன்றும் பேசாமல் உள்ளங்கையை இஞ்சின் மேல் வைத்தார். வைத்த கையை என்னிடம் காட்டி, "சூடா கீதும்மா" என்றார். கடைக்காரர் காதில் விழாத குரலில்தான் சொன்னார்.

நாங்கள் வருவதற்கு முன்பே யாரோ அதை ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். இரவு முழுக்க ஆறிக் கிடந்த இஞ்சின்தான் உண்மை பேசும் என்பது அவர் கணக்கு. முதல் உதையில் பிடிக்கிறதா, முதல் புகை என்ன நிறம், எண்ணெய் மேலே ஏறும் வரை உள்ளே என்ன சத்தம் என்பதெல்லாம் அந்த முதல் அரை நிமிடத்தில்தான் தெரியும். சூடாக்கி வைத்தால் அந்த அரை நிமிடம் நமக்குக் கிடைக்காமல் போகிறது.

நான் ஏன் பைக் வாங்கப் போனேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலை விஷயமாக மாதவரம் தாண்டி இருக்கும் சரக்குக் கிடங்குகளுக்குப் போக வேண்டியிருந்தது. பஸ் போகாத, லாரி போய்ப் போய்க் குழி விழுந்த சாலைகள். ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் அந்தக் குழிகளில் உட்கார்ந்துவிடும், 18 அங்குலச் சக்கரம் இருக்கிற வண்டியாகப் பாருங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். நாற்பது வயதைத் தாண்டியவள், சைக்கிள் தவிர எதையும் ஓட்டியதில்லை. புது வண்டிக்குக் கடன் வாங்கி அதைக் கீழே போட்டுப் பழக மனம் வரவில்லை.

அண்ணன் புதுப்பேட்டையில் தொழில் பழகியவர். எழும்பூருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே, கூவத்தை ஒட்டிக் கிடக்கும் அந்தப் பழைய உதிரிபாகச் சந்தையில், சிறுவனாக மண்ணெண்ணெயில் பல்சக்கரம் கழுவியதில் தொடங்கியது அவர் படிப்பு. அப்போது ராஜ்தூத், ஜாவா. பிறகு 1984-இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசூகி, 1985-இல் ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 என்று ஜப்பான் தொழில்நுட்ப வண்டிகள் வரிசையாக வந்து இறங்கின. டூ ஸ்ட்ரோக் இஞ்சினை அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவார்கள். சிடி 100 ஃபோர் ஸ்ட்ரோக். வால்வு, கேம், டைமிங் செயின் என்று உள்ளே ஒரு தனி உலகம். "ஹீரோ ஹோண்டா வந்தா பக்கத்து ஷெட்டுக்குத் தள்ளிவுட்ருவோம். அவன் எங்களுக்கே திருப்பித் தள்ளுவான்" என்று சிரிக்கிறார். அந்த வண்டியின் வழி வந்த ஸ்பிளெண்டர்தான் இன்று அவர் ஷெட்டுக்குச் சோறு போடுகிறது.

சிவப்பு வண்டியை அவர் விட்டுவிடவில்லை. வேண்டாம் என்று முடிவான வண்டியையும் முழுசாகப் பார்த்துவிடுவார் போல. சென்டர் ஸ்டாண்டு போட்டு முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சுழலவிட்டு ரிம்முக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்தார். கோட்டம் இருந்தால் அந்த இடைவெளி விரிந்து விரிந்து சுருங்கும். ஹேண்டிலை ஒரு விரலால் இடமிருந்து வலமாக மெல்லத் தள்ளினார். நடுவில் லேசாக ஒரு இடத்தில் சிக்கி நின்றது. கோன் செட் போய்விட்டது. அது சின்ன வேலை. பிறகு ஹேண்டிலை முழுக்கத் திருப்பி, சேஸின் கழுத்தில் அது போய் முட்டுகிற சின்ன இரும்புத் தடுப்பை மொபைல் வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. எங்கேயோ நேராக மோதி, ஹேண்டில் தன் எல்லையைத் தாண்டித் திரும்பியிருக்கிறது. கடைசியாகப் பத்தடி பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு சக்கரங்களும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்தார். எழுந்து வந்து கடைக்காரரிடம், "வீட்ல கேட்டுச் சொல்றோம்" என்றார். வேண்டாம் என்பதற்கு அந்தத் தெருவில் அதுதான் மரியாதையான வழி.

மீட்டரை அவர் பார்க்கவே இல்லை. கிலோமீட்டரைக் குறைத்து வைப்பது பெரிய வித்தையில்லை என்பதால் அதை எந்த மெக்கானிக்கும் நம்புவதில்லை. கால் வைக்கும் ரப்பர், பிரேக் மிதியின் முனை, சாவித் துளையைச் சுற்றியுள்ள கீறல் ஆகியவற்றைப் பெரும்பாலும் மாற்றி வைப்பதில்லை என்பதால் அவற்றைத்தான் பார்க்கிறார்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். மீட்டர் எட்டாயிரம் காட்டி, டயர் வண்டியைவிட இளையதாக இருந்தால் கணக்கு உதைக்கிறது என்று பொருள். இஞ்சின் மூடிகளின் ஓரத்தில் அனபாண்ட் பசை பிதுங்கியிருந்தால் யாரோ திறந்து மூடியிருக்கிறார்கள். எண்ணெய் புத்தம் புதிதாகப் பொன்னிறத்தில் இருந்தால்கூட அவருக்குச் சந்தேகம்தான். சத்தத்தை அமுக்கக் கெட்டியான கியர் ஆயிலை ஊற்றி வைக்கிறவர்கள் உண்டாம். அதனால் விரலில் தொட்டுத் தேய்த்து முகர்ந்து பார்ப்பார்.

இந்த வேலைக்கு அவர் காசு வாங்குவதில்லை. அரை நாள் ஷெட்டை விட்டுவிட்டு வருகிறார், டீயும் வடையும் போதும் என்கிறார். பெருந்தன்மை மட்டும் காரணமில்லை. "துட்டு வாங்கிட்டா நாளைக்கு அந்த வண்டிக்கு நான் கேரண்டி குடுத்தா மாதிரி ஆயிடும்மா" என்றார். வாங்காமலே இருந்தாலும் திட்டு அவருக்குத்தான். மூன்று வருஷம் கழித்து கிளட்ச் பிளேட் தேய்ந்தாலும், 'நீங்க பாத்துச் சொன்ன வண்டிதானே' என்று வந்து நிற்பார்கள். முப்பது, நாற்பது வருஷக் கையும் காதும் சேர்ந்து சொல்லும் தீர்ப்புக்கு விலை போட முடியாமல், அந்தத் தீர்ப்பின் பழியை மட்டும் சுமக்கிற தொழில் இது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. அவரிடம் சொன்னதற்கு, வண்டி வாங்கினால் ரிப்பேருக்கு எங்கே வரப்போகிறாய், இங்கேதானே என்று கேட்டார்.

கடைசியில் வாங்கியது வில்லிவாக்கத்தில் ஒரு வீட்டு மாடிப்படிக்குக் கீழே நின்ற 2013 மாடல் ஸ்பிளெண்டர் பிளஸ். சிங்கிள் ஓனர், ஓய்வு பெற்ற மனிதர். முன்கூட்டியே போன் செய்து, நாங்கள் வரும்வரை கிக்கரைத் தொட வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தோம். அண்ணன் கிக்கரை முதலில் கையால் அழுத்திப் பார்த்தார். எதிர்த்துத் தள்ள வேண்டிய இடத்தில் தளர்ந்து போனது. உதைத்ததும் பிடித்தது. புகை நீலம். முதலில் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் மட்டும்தான், இது முறுக்க முறுக்க வந்துகொண்டே இருந்தது. பிஸ்டன் ரிங்கும் போரும் தேய்ந்து எண்ணெய் மேலே ஏறி எரிகிறது. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். மேலே டேப்பட், இடப்பக்கம் டைமிங் செயின், கீழே கிராங்க் என்று இடம் இடமாக மாற்றிக் கேட்டார். எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல்.

"எடுத்துக்கலாம்" என்றார். பளபளத்த வண்டியைத் தள்ளிவிட்டுப் புகை கக்குகிற வண்டியை எடுக்கச் சொல்கிறாரே என்று விழித்தேன். அவர் சொன்ன பதிலைத்தான் நான் யார் பழைய வண்டி கேட்டாலும் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன். "சேஸ் தலையெழுத்து. இஞ்சின் கைவேலை." கிராங்க் சத்தமில்லாமல் இருந்தது, சேஸில் அடி இல்லை. மேல் பாதியைச் செய்துகொள்ளலாம். போர் வேலைக்கு ஆகும் தொகையைப் பெரியவர் முன்னாலேயே கூட்டிச் சொல்லி விலையில் கழித்தார். பெரியவருக்கு வருத்தம்தான். ஆனால் கணக்கில் தப்பு இல்லை.

காகிதங்களைப் பற்றி ஒன்றே ஒன்று. வெற்று ஃபாரம் 29, 30-இல் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பேர் மாற்றாமலே ஓட்டுகிறவர்கள் ஏராளம். விபத்து நடந்தால் இழப்பீடு வழக்கில் ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. அதனால் பேர் மாறாமல் இருப்பது வாங்குகிறவரைவிட விற்கிறவருக்குத்தான் பெரிய ஆபத்து. பெரியவர் இதைத் தெரிந்தவர். கடன் ரத்து, இன்சூரன்ஸ், பாக்கி அபராதம் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார்.

இஞ்சினைப் பிரித்த அன்று நான் ஷெட்டிலேயே இருந்தேன். சிலிண்டரின் உள்சுவரில், மேல் ரிங் ஏறி நிற்கும் இடத்துக்குச் சற்று மேலே, நகத்தை வைத்து இழுத்தால் ஒரு விளிம்பு தட்டியது. ரிங் தேய்த்த இடத்துக்கும் தேய்க்காத இடத்துக்கும் உள்ள வித்தியாசம் அது. லேத் பட்டறைக்கு அதை எடுத்துப் போனோம். ஸ்பிளெண்டரின் பிஸ்டன் விட்டம் 50 மில்லிமீட்டர், அடுத்தடுத்த பெரிய சைஸ்கள் கால் மில்லிமீட்டர் ஏற்றத்தில் கிடைக்கும். இவர்கள் பேச்சில் இருபத்தஞ்சு, அம்பது, எழுபத்தஞ்சு, நூறு. நூறும் தேய்ந்தால் ஸ்லீவ் மாற்ற வேண்டியதுதான். லேத்காரர் அளந்து பார்த்து அம்பது சைஸ் என்றார். பிஸ்டனை முதலில் வாங்கி வந்து கையில் கொடுத்தால்தான் அவர் மெஷினைத் தொடுவார். பெட்டியில் என்ன சைஸ் போட்டிருந்தாலும், எதிரில் இருக்கிற பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து அதற்குத்தான் போர் போடுவது. இரண்டுக்கும் நடுவே விடும் இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. கம்மியாக விட்டால் சூட்டில் பிஸ்டன் இறுகிச் சிக்கும், அதிகம் விட்டால் தட்டும். கடைசியில் ஹோனிங் கல் போட்டுச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் இழுத்தார். அவ்வளவு வழவழப்பாக்கிவிட்டு ஏன் கீறுகிறீர்கள் என்று கேட்டேன். "எண்ணெ நிக்க வாணாமா?" என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை.

ஷெட்டில் வேலை பழகும் பையன் சிலிண்டரைச் சோப்புத் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவினான். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும், ஹோனிங் தூள் ஒரு துளி நின்றாலும் புது ரிங்கைத் தின்றுவிடும். ரிங்குகளின் வாய்கள் ஒன்றுக்கு நேர் ஒன்று வராதபடி திருப்பி வைத்து அண்ணன் பிஸ்டனை இறக்கினார். முதல் 500 கிலோமீட்டர் நாற்பதைத் தாண்டக் கூடாது, பின்னால் ஆள் ஏற்றக் கூடாது, ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டே போகக் கூடாது. ஓட்டப் பழகாதவளுக்கு இதெல்லாம் ஒரு தடையா? "நீயும் பழகு, அதுவும் பழகட்டும்" என்று சாவியைக் கொடுத்தார்.

எனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தது அந்தப் பையன்தான். இருபது வயது இருக்கும், என்னை அக்கா என்பான். எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் ஆன பிறகுதான் டெஸ்ட், அதுவரை ஐ.சி.எஃப். பக்கம் ஒரு காலி மைதானம். முதல் பாடத்தில் இஞ்சினே கிடையாது. நியூட்ரலில் வைத்து அவன் பின்னாலிருந்து தள்ள, நான் கால்களை மேலே வைத்து பிரேக் மட்டும் பிடிக்க வேண்டும். அடுத்தது கிளட்ச். ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் முதல் கியரில் கிளட்சை மயிரிழை மயிரிழையாக விட்டால் வண்டி தானே நகரும். அது நகரத் தொடங்குகிற அந்த இடத்தைக் கை மறக்காத அளவுக்குத் திரும்பத் திரும்ப அதையே செய்யச் சொன்னான். கியர் சுலபம். ஸ்பிளெண்டரில் எல்லாம் ஒரே பக்கம், முன்னால் மிதித்தால் ஏறும், குதிகாலால் மிதித்தால் இறங்கும். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில் இருந்தது என்று சொல்லி என்னைப் பயமுறுத்தினான்.

எட்டு போடுவதுதான் கஷ்டம். மெதுவாகப் போனால் விழுவோம் என்று வேகம் கூட்டினால் வட்டம் பெரிதாகிக் கோட்டைத் தாண்டும். அவன் சொன்ன வழி, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கி அசையாமல் பிடித்துக்கொள்வது, கிளட்ச் பாதி, பின் பிரேக்கில் கால் லேசாக. மூன்றும் ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்தால் வண்டி நடக்கிற வேகத்தில் நிமிர்ந்து நிற்கும். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடவே கூடாது, தொட்டால் சக்கரம் மடங்கிக் கீழே. "சக்கரத்தப் பாக்காதக்கா, அடுத்த வளைவப் பாரு." நான் ஓட்டுகிற சத்தத்தைக் கேட்டே, நிமிராமல், "கிளட்ச விட்டுட்ட" என்பான். அண்ணனின் காது அவனுக்கும் வந்திருந்தது.

ஆனால் அந்தக் காது எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்ததோடு ஸ்பிளெண்டர் வரைக்கும் கார்பரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. பழைய வண்டிச் சந்தையே இப்போது அந்த வருஷத்தில் இரண்டாகப் பிளந்து நிற்கிறது. தெரு மெக்கானிக் கையால் ஓடுகிற கார்பரேட்டர் வண்டி வேண்டும் என்று தேடி வருகிறவர்கள் பலர், எனக்கு 2013 மாடலை அண்ணன் பார்த்து வைத்ததும் அதனால்தான். இன்ஜெக்‌ஷன் வண்டி வந்தால் சாவியைப் போட்டதும் டேங்கில் பம்ப் ஒரு நொடி முனகுகிறதா என்று கேட்கிறார். அதற்கு மேல் பையனைக் கூப்பிடுகிறார்.

பையன் ஒரு ஸ்கேனர் வாங்கியிருக்கிறான். வண்டியின் வயரில் செருகினால் எந்த சென்சார் கெட்டது என்று திரையில் எண் வரும். போன வாரம் எண்ணெய் மாற்றப் போனபோது, யாரோ வாங்கவிருந்த 2021 மாடல் வண்டியைப் பார்த்துவிட்டு அவன் அப்போதுதான் திரும்பியிருந்தான். பார்த்ததற்கு இருநூறு ரூபாய் வாங்கினானாம். அண்ணன் அவனை ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். என் வண்டியின் பழைய எண்ணெயை விரலில் தேய்த்து இரும்புப் பொடி மினுக்குகிறதா என்று வெயிலில் பார்த்துக்கொண்டிருந்தவர், "முந்நூறு கேட்ருக்கலாம்டா" என்றார்.