மூன்றாம் முடிச்சும் ஒரு மெமரி கார்டும்

போன வைகாசியில் தம்பி மகளுக்குக் கல்யாணம். "போட்டோகிராபர் தாலியைத்தான் எடுப்பார். அப்பா முகத்தை நீங்க எடுங்க பெரியப்பா" என்று கேட்டிருந்தாள். நானும் கேமராவோடு மணமேடை ஓரமாக நின்றுகொண்டேன்.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்றார் சாஸ்திரிகள். விரலை எடுக்காமல் பட்டனை அழுத்தினேன். படபடவென்று ஏழு படம் எடுத்த கேமரா அப்படியே நின்றுவிட்டது. திரையில் 'பிஸி' என்று வந்தது, சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. மூன்றாம் முடிச்சு விழுந்தபோது தம்பி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். என் கண் பார்த்தது. கேமரா பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்துப் படங்களைப் பார்த்த தம்பி, "நான் எங்கேயும் சரியா விழலையே அண்ணா" என்றான். எனக்குச் சுருக்கென்றது.

கேமராவைத் தூக்கிக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைப் பையன் கார்டை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "சார், மேல 100னு பெரிசா போட்டிருக்கே, அது படிக்கிற வேகம். கம்ப்யூட்டருக்கு மாத்தும்போதுதான் உதவும். உங்களுக்கு வேண்டியது எழுதுற வேகம்."

விஷயம் நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டி மாதிரிதான். எடுத்த படம் முதலில் கேமராவின் உள் நினைவகத்தில் நிரம்பி, அங்கிருந்து கார்டுக்கு இறங்குகிறது. என் கேமரா நொடிக்கு ஐந்து படம் எடுக்கும். 'ரா' படம் ஒவ்வொன்றும் சுமார் 25 எம்.பி. ஆக, நொடிக்கு 125 எம்.பி. உள்ளே வருகிறது. என் பழைய கார்டோ நொடிக்கு 20 எம்.பி.கூட எழுதாது. தொட்டி நிறைந்தால் மோட்டார் நிற்கத்தானே வேண்டும்?

கார்டில் பார்க்க வேண்டியது சின்ன முத்திரைகளைத்தான். சி எழுத்துக்குள் 10 என்றால், குறைந்தது நொடிக்கு 10 எம்.பி. எழுதும். யு எழுத்துக்குள் 3 அல்லது வி30 என்றிருந்தால் குறைந்தது 30. அதற்குமேல் எவ்வளவு எழுதும் என்பதைக் கடையில் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

பின்புறம் இரண்டு வரிசைத் தகடுகள் உள்ள யு.எச்.எஸ். 2 கார்டைக் காட்டி, "இதையே கொடுப்பா" என்றேன். "உங்க கேமராவுல ஒரு வரிசைக்குத்தான் இடம் சார். இதைப் போட்டாலும் பழைய வேகத்துலதான் ஓடும். காசு தண்டம்" என்று தடுத்துவிட்டான். 80 எம்.பி. எழுதும் சாதாரண வி30 கார்டு ஒன்றை வாங்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கேமராவிலேயே பார்மட் செய்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவியை நோக்கி அழுத்தினேன். முன்பு ஏழு படத்துக்குப் பிறகு பத்து நொடி திணறிய கேமரா, இரண்டே நொடியில் சுதாரித்துக்கொண்டது. "கல்யாணத்துக்கு முன்னாடியே இப்படிச் சோதிச்சிருக்கலாம்" என்றாள்.

உண்மைதான். தை மாதம் வளைகாப்பு. இந்தத் தடவை தம்பியின் முகத்தை விடப்போவதில்லை.